மாத்திரையின் பெயர் மாறியபோது: எங்கள் வீட்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அம்மாவுக்கு நீண்ட காலமாக இரத்த அழுத்தம் உண்டு. தொடக்கத்தில் டவுனிலுள்ள தனியார் கிளினிக்கில், மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியின் மாத்திரையையே வாங்கி வந்தோம். அதற்கான பணத்தை ஒதுக்கி வைத்த பிறகுதான் மளிகைக் கணக்கைப் பார்ப்போம். பின்னர் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்குக்கு மாறினோம். அங்கே தந்த மாத்திரைக்குப் பெயரும் வேறு, நிறமும் வேறு.

அம்மாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. எங்களிடம் சொல்லாமல், மீதமிருந்த பழையதைக் காலையிலும் புதியதை இரவிலும் விழுங்கி வந்திருக்கிறார். சில நாள்களில் கணுக்கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாகவே மேலெழுந்தது. குளியலறை வாசலில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தபடி அவர் நின்றதைப் பார்த்த பிறகுதான் இரண்டு அட்டைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். பெரிய எழுத்துப் பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், கீழே பொடி எழுத்தில் இரண்டிலும் அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்றே இருந்தது.

அன்றே அட்டைகளைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினோம். பழையதை நிறுத்தச் சொன்ன மருந்தாளர், அம்மாவின் சந்தேகத்துக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கண்டுபிடித்த கம்பெனி மட்டுமே மருந்தைச் செய்யலாம் என்னும் காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை நீடிக்கும். அதில் பல ஆண்டுகள் சோதனைகளிலேயே கழிந்துவிடும். அது முடிந்ததும் மற்ற கம்பெனிகள் அதே மருந்தைச் செய்யலாம். அதைத்தான் ஜெனரிக் என்கிறார்கள். லிப்பிட்டோர் என்னும் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2011 நவம்பர் இறுதியில் ஜெனரிக் வந்தது இப்படித்தான். பெரிய சோதனைகளை முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை என்பதாலும், பல கம்பெனிகள் போட்டி போடுவதாலும் விலை இறங்குகிறது. ஆனால், உடலில் மருந்து சேரும் அளவு மூல மருந்தோடு ஒத்திருப்பதை நிரூபிக்க வேண்டும். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். மலிவு என்றால் மட்டம் என்று அம்மா நினைத்ததில் வியப்பில்லை, ஏனென்றால் அதுவரை எங்களில் எவரும் அவருக்கு இதை எடுத்துச் சொல்லவில்லை.

இப்போது வீட்டிலுள்ள ஒவ்வொரு டப்பாவிலும் மருந்தின் இயற்பெயரைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இதே ஊர்க்காரர் ஒருவரின் பகிர்வு:

காப்புரிமை முடியும் முன்பே ஜெனரிக் கிடைத்த அனுபவம் எங்களுடையது. லோரி ஓட்டும் என் அண்ணனுக்கு கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைடிஸ் சி கிருமி இருப்பது தெரிந்தபோது, அதற்கான சோஃபோஸ்புவிர் மாத்திரையின் விலையைக் கேட்டு வீட்டை விற்கலாமா என்றுகூடப் பேசினோம். 2017இல் அரசாங்கம், காப்புரிமை வைத்திருக்கும் கம்பெனியின் அனுமதி இல்லாமலும் செயல்பட 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்தி, அதன் ஜெனரிக் வடிவத்தை அரசாங்க மருத்துவமனைகளுக்குக் கொண்டுவர வழி செய்தது. அண்ணன் 12 வாரங்கள் ஒரு வேளையும் தவறாமல் சாப்பிட்டார். கிருமி காணப்படவில்லை என்று வந்த இரத்தப் பரிசோதனைத் தாளை அம்மா இன்னும் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.