லாபியில் வைத்த கால்: கபடிக் களத்தில் நீங்கள் பார்த்த, போட்ட சண்டை எது?

லாபிக்காரன்

ஹாங்சோ ஆட்டத்தைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே வீட்டில் எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

2023 அக்டோபர் 7, சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டு ஆண்கள் கபடி இறுதி ஆட்டம். இந்தியா, ஈரான். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே பாக்கி, 28-28. இந்திய ரைடர் பவன் செராவத் டூ ஆர் டை ரைடு போகிறார். வெறுங்கையோடு திரும்பினால் அவுட். போனவர் யாரையும் தொடாமலே லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அதைக் கவனிக்காமல் ஈரான் பிடிக்காரர்கள் அவர் மேல் பாய்ந்து, அவர்களும் லாபிக்குள் போனார்கள்.

கபடி பழக்கமில்லாதவர்களுக்கு: லாபி என்பது களத்தின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் ஒரு மீட்டர் பட்டை. ரைடருக்கும் பிடிக்காரருக்கும் தொடுகை ஏற்பட்ட பிறகுதான் அது களத்தோடு சேரும். அதற்கு முன்னால் அங்கே கால் வைத்தால் களத்தை விட்டு வெளியே போனதாகக் கணக்கு. பழைய விதிப்படி ரைடரும் அவுட், பின்னாலேயே வந்தவர்களும் அவுட். டிவியில் வரும் புரோ கபடி லீக்கில் நாம் பார்த்துப் பழகிய விதிப்படி ரைடர் மட்டும்தான் அவுட், ஆட்டம் அந்த நொடியே நின்றுவிடும். இரண்டில் எது என்று சொல்லத் தெரியாமல் நடுவர்கள் தீர்ப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு அணியும் மேட் விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் போச்சு. கடைசியில் இந்தியாவுக்கு 4, ஈரானுக்கு 1. அதற்கப்புறம் இன்னொரு பாயிண்டும் சேர்ந்து ஆட்டம் 33-29 என்று முடிந்து தங்கம் நமக்கு.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. ஈரான்காரர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் 2006 பொங்கலில் நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ஊரில் மின்னொளி கபடி. இறுதி ஆட்டம் தொடங்கும்போதே ராத்திரி 2 மணி. பனி இறங்கி மண் ஈரமாகிவிட்டது. நான் இடது கார்னர், அதாவது இடது ஓரத்துப் பிடிக்காரன். முதல் பரிசு ரொக்கமும் சுழற்கோப்பையும் ஒரு ஆட்டுக்கிடாவும். கிடாவை மைக் செட் மேஜைக் காலில் கட்டியிருந்தார்கள், அது பாட்டுக்கு வாழைத்தோலை மென்றுகொண்டிருந்தது. நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். அவர்கள் ரைடர் எங்கள் வலது பக்கம் வளைந்து ஓட, நாங்கள் நாலு பேர் சங்கிலி கோத்து விரட்டினோம். அவன் யாரையும் தொடவில்லை. நேராக லாபிக்குள் போய்விட்டான். நாங்கள் நிற்கத் தெரியாமல் பின்னாலேயே போனோம். விசில். ரைடர் ஒருத்தன் அவுட், நாங்கள் நாலு பேரும் அவுட்.

நான் லாபிக்குள் வரவே இல்லை, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன் என்று மைக் முன்னால் எங்கள் குலசாமி மேல் சத்தியம் பண்ணினேன். யாரும் கேட்கவில்லை. கிடா அவர்கள் வண்டியில் ஏறியது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். விதியோ, ஆட்டக்காரரோ, பனியனோ, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

சேஃப்டி

அண்ணே, கதை நல்லா இருக்கு. ஆனால் அனுதாபம் வேண்டாம். அந்தப் போட்டிக்கென்று ஒரு விதிப்புத்தகம் உண்டு. டிவியில் பார்க்கிற லீக் விதி வேறு. ஈரான் ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் புரோ கபடியில் ஆடுகிறவர்கள், கை கால் அந்த விதிக்கே பழகிவிட்டது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் 27-18 என்று நம்மை அடித்தார்களே, அன்றைக்கு எந்த விதியும் நமக்குக் கை கொடுக்கவில்லை. பெண்களும் அந்தத் தடவை இறுதியில் ஈரானிடம்தான் தோற்றார்கள், 27-24. கணக்கு தீர்ந்தது என்று விடுங்கள்.

விசில்

தஞ்சை, திருவாரூர், நாகை மூன்று மாவட்டத்திலும் இருபது வருஷத்துக்கு மேல் விசில் ஊதியிருக்கிறேன். லாபி தகராறு என்றால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

மேட் விரிப்பில் ஆடுகிறவர்களுக்கு இது புரியாது. அங்கே கோடு டேப்பில் ஒட்டியது, கேமரா வேறு இருக்கிறது. எங்களுக்குக் கோடு என்றால் சுண்ணாம்புத் தூள். முதல் ஐந்து நிமிஷம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் பதினாலு பேர் கால் பட்டு, பாதி ஆட்டத்தில் எது கோடு எது மண் என்று தெரியாது. இடைவேளை ஐந்து நிமிஷத்தில் ஒரு பையனைக் கோணிப்பையோடு அனுப்பி மறுபடி போடச் சொல்வோம். அவன் போடுகிற கோடு பழைய கோட்டிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் விழும். அதற்கும் ஒரு சண்டை.

தகராறு முற்றினால் நான் செய்வது ஒன்றுதான். "காலைத் தூக்குப்பா" என்பேன். பாதத்தை டார்ச் அடித்துப் பார்ப்பேன். லாபிக் கோட்டை மிதித்தவன் பாதத்தில் சுண்ணாம்பு ஒரு ஓரமாக, பட்டையாக ஒட்டியிருக்கும். வெறுமனே களத்தில் ஓடினவன் பாதத்தில் அங்கங்கே பொடியாகத்தான் இருக்கும். ஈர மண் என்றால் இன்னும் நல்லது, அப்பிக்கொள்ளும். விதிப்புத்தகத்தில் இது கிடையாது. ஆனால் பாதத்தைப் பார்த்த பிறகு யாரும் என்னிடம் வாதாடியதில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. இப்போது 30 வினாடிக் கடிகாரம் வந்த பிறகு மூச்சுக்கு மரியாதை போய்விட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது பாடிப் போகிறவன் குரல் உடைகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். குரல் அறுந்தால் அவுட். இன்றைக்கும் "கபடி கபடி" சொல்லவேண்டும் என்பது விதிதான், ஆனால் அரங்கத்தில் போடுகிற பாட்டுச் சத்தத்தில் அது யார் காதில் விழுகிறது?

54.9

நடுவர் சாருக்கு வணக்கம். என் சண்டை களத்தில் நடந்ததே இல்லை, தராசில்தான்.

ஊர்ப் போட்டிகளில் எடைப் பிரிவு வைப்பார்கள், 45 கிலோ, 55 கிலோ, 65 கிலோ என்று. நான் எங்கள் ஊர் 55 கிலோ அணிக்கு ரைடர். உண்மையான எடை 57. போட்டிக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சோறு கிடையாது. ராத்திரி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, குளத்தைச் சுற்றி ஓட விடுவார்கள். காலையில் எச்சிலைக்கூட விழுங்காதே, துப்பிக்கொண்டே இரு என்பார்கள். சிரிக்காதீர்கள், துப்பித் துப்பியே கால் கிலோ குறைந்ததாக ஒரு அண்ணன் எங்களிடம் நிரூபித்துக் காட்டினார்.

ஒரு தடவை நெல் நிறுக்கிற தராசைத்தான் வைத்திருந்தார்கள். முள் 55-ஐத் தாண்டி ஆடுகிறது. டவுசரைக் கழற்றிவிட்டுத் துண்டோடு ஏறினேன். அப்போதும் ஆடுகிறது. எதிரணி மேனேஜர் "துண்டும் எடைதானே" என்றார். சுற்றி நாற்பது பேர், அதில் என் பெரியம்மாவும் ஒருத்தர். அன்றைக்கு நான் 54.9. எப்படி என்று கேட்காதீர்கள்.

அப்புறம் பசி மயக்கத்தில் முதல் ரைடிலேயே கணுக்காலில் மாட்டி விழுந்தேன். பெரியவர்கள் ஆட்டத்தில் 85 கிலோ வரை போகலாம் என்கிறார்கள். எங்கள் பக்கம் 84 கிலோவில் ஒருத்தன் வந்தால் அவனை வேடிக்கை பார்க்கவே டிக்கெட் போடலாம்.

ஏழாம் நம்பர்

எல்லாரும் ஆண்கள் கதையே சொல்கிறீர்கள். நான் கல்லூரி அணியில் மூன்று வருஷம் வலது கவர், பிடிக்கிற ஆள். என் கோபம் முழுக்கப் பனியன் மேல்தான்.

எங்களுக்குப் பனியன் வந்தது எப்படி என்றால், ஆண்கள் அணிக்கு வாங்கியதில் மிச்சம். எல்லாம் ஒரே சைஸ். தோள் முழங்கைக்கு வரும், கழுத்து நெஞ்சுக்கு வரும். உள்ளே இன்னொரு டீ-ஷர்ட் போட்டுத்தான் ஆட முடியும். மே மாதம், மண் தரை, இரண்டு சட்டை. இதில் முதுகில் நம்பர் இத்தனை அங்குலம், முன்னால் இத்தனை அங்குலம் என்று விதி. எங்கள் நம்பர் கடையில் ஒட்டிக் கொடுத்த ஸ்டிக்கர். மண்டலப் போட்டி அரையிறுதியில் ஒரு பிடியில் என் முதுகிலிருந்த 7 உரிந்து, ரைடர் கையோடு போய்விட்டது. அவள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை, நான் பிடித்துவிட்டேன். ஆனால் மேஜையில் ஸ்கோர் எழுதுகிறவர் "எந்த நம்பர் பிடித்தது?" என்று கேட்கிறார். நான் கையைத் தூக்கிக் காட்டுகிறேன். அவர் திரும்பவும் "நம்பர்?" என்கிறார். கடைசியில் ஒரு தோழி கீழே கிடந்த 7-ஐ எடுத்து என் முதுகில் அழுத்திப் பிடித்தாள்.

அதனால்தான் ஹாங்சோவில் பெண்கள் இறுதி ஆட்டத்தில் முதலில் நான் பார்த்தது உடையைத்தான். அளவெடுத்துத் தைத்தது போல உடம்போடு இருந்தது, கை அசைவைத் தடுக்காமல். சீன தைபேயை 26-25 என்று ஒரே பாயிண்டில் ஜெயித்தார்கள். அந்தப் போட்டியில் இந்தியாவின் நூறாவது பதக்கம் அதுதான். அன்று மாலை முழுக்கச் செய்தியில் லாபி, லாபி, லாபி. நூறாவது பதக்கத்தைப் பற்றி என் வீட்டில் ஒருத்தரும் பேசவில்லை, நானே எழுந்து சொன்னேன்.

தலைவாஸ் ரசிகன், வேறு வழியில்லை

என் அனுபவம் ஒரே வரியில்: 2017-இல் புரோ கபடிக்குத் தமிழ் தலைவாஸ் அணி வந்தபோது நண்பர்கள் நாலு பேர் வேனில் சென்னைக்குப் போனோம், வரும்போது ஒருத்தரும் பேசவில்லை.

முதல் இரண்டு சீசனும் எங்கள் பிரிவில் கடைசி, மூன்றாவதில் மொத்தத்திலேயே கடைசி. அதிலும் அந்த மூன்றாவது, லீக் கணக்கில் ஏழாவது சீசன் இருக்கிறதே, அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர் மூன்று பேரும் ஒரே அணியில். காகிதத்தில் பார்த்தால் கோப்பையை முன்கூட்டியே கொடுத்துவிடலாம். பன்னிரண்டில் பன்னிரண்டாவது. 2022-இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது, சீசன் முழுக்க வெளியே. ஆனால் அந்த வருஷம்தான் நரேந்தர் என்று ஒரு புதுப் பையன் வந்து 243 ரைடு பாயிண்ட் எடுத்தான். அரையிறுதி வரைக்கும் போனோம், புனேயிடம் 39-37. அந்த இரண்டு பாயிண்டை இன்னும் கனவில் எண்ணுகிறேன்.

என் கருத்து ஒன்று உண்டு, திட்டினாலும் பரவாயில்லை. அணியின் பேரில் தமிழ் இருக்கிறது, ஏழு பேரில் எத்தனை தமிழர் என்று கேட்கிறவர்கள் சேரலாதனை மறந்துவிடுகிறார்கள். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். நாற்பது வயதைத் தாண்டி 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கினார், அதே வருஷம் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார். நம் ஆள் எங்கே ஆடினாலும் நம் ஆள்தான். எங்கள் ஊர் டீக்கடையில் பாட்னா ஆட்டத்துக்கு விசில் அடித்தோமே, அது அவருக்காகத்தான்.

2017 இறுதி ஆட்டம் சென்னையில் நடந்ததை நேரில் பார்த்தேன். பாட்னா 55, குஜராத் 38. பாட்னா ரைடர் பர்தீப் நர்வால் பிடிக்காரர்களுக்குக் கீழே குனிந்து நழுவும் அந்த டுப்கி போடும்போது என் முன் சீட்டில் இருந்த தாத்தா "அட, கோழி கூண்டுக்குள்ள போற மாதிரி போறான்யா" என்றார். அதைவிட நல்ல வர்ணனை நான் கேட்டதில்லை.

சேஃப்டி

டூ ஆர் டை விதி இல்லையென்றால் பாதி ரைடர்கள் நடுக்கோட்டில் நின்று மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அது நல்ல விதி. சூப்பர் டேக்கிளும் நல்ல விதி, மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கிறபோது பிடித்தால் கூட ஒரு பாயிண்ட், தோற்கிற அணிக்கும் உயிர் இருக்கும். விசில் சார், மூச்சு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் கட்சி.

54.9

ஏழாம் நம்பர் அக்கா, அந்த ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறதா?

ஏழாம் நம்பர்

இல்லை தம்பி. அடுத்த ஆட்டத்துக்கு சேஃப்டி பின் குத்தி ஆடினேன். பின் குத்தக்கூடாது என்று நடுவர் அதையும் பிடுங்கிவிட்டார். சரியான விதிதான், யாருக்காவது கிழித்திருக்கும்.

விசில்

லாபிக்காரன் தம்பி, 2006-இல் அந்த நடுவர் உங்கள் பாதத்தைப் பார்த்தாரா?

லாபிக்காரன்

இல்லை சார். டார்ச்சும் இல்லை, பொறுமையும் இல்லை. நாலு பேரும் அவுட் என்று விசில் ஊதிவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷமாக அதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என் காலைப் பார்த்திருந்தால் நியாயம் கிடைத்திருக்கும் என்று. ஹாங்சோ ஆட்டம் முடிந்த அன்றும் வீட்டில் அதையே சொன்னேன்.

நீங்கள் சுண்ணாம்பு பற்றி எழுதியதைப் படித்த பிறகு மறைக்க மனசு வரவில்லை. அன்று விடிகாலை ஊர் திரும்பி, அடிபம்பில் கால் கழுவினேன். இடது பாதத்தில் ஓரமாக, பட்டையாக, குதிகால் வரைக்கும் இருந்தது.