பாப்-அப் கேம்பரா, பெரிய டிராவல் டிரெய்லரா? 2,250 கிலோ இழுக்கும் வண்டிக்கு எது சரி?

கேள்வி

வணக்கம். முதல் கேம்பர் வாங்கப்போகிறோம், இரண்டில் எது என்பதில் இழுபறி. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர். ஆறு சிலிண்டர் எஸ்யூவி. கையேட்டின்படி இழுவைத் திறன் 2,250 கிலோ, ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) தாங்கும் எடை 225 கிலோ. ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்த்து 560 கிலோவைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு. ஒன்று பழைய பாப்-அப் (கூரையை ஏற்றித் துணிச்சுவரை விரிக்கும் மடிப்பு டிரெய்லர்), காலி எடை 1,050 கிலோ. மற்றது 6.7 மீட்டர் டிராவல் டிரெய்லர் (மடிக்காத கெட்டிச்சுவர் கொண்டது), காலி எடை 2,000 கிலோ. மாதம் ஒருமுறை இரண்டு இரவு, வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் பயணம். "2,250 இழுக்கிற வண்டிக்கு 2,000 தாராளம்" என்கிறார் விற்பவர். அந்தக் கணக்கு சரியா? மழையில் பாப்-அப் எவ்வளவு தொல்லை?

பதில் 1

அந்தக் கணக்கு தப்பு. காலி எடை என்பது தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது உள்ள எடை. பேட்டரியும் கேஸும் பெரும்பாலும் அதில் சேராது, தண்ணீர் சேரவே சேராது. கூட்டிப் பாருங்கள்: பேட்டரி 28, நிரப்பிய சிலிண்டர் இரண்டு 34, தண்ணீர் 150 லிட்டர் என்றால் 150, படுக்கை விரிப்பு, பாத்திரம், குழாய், நாற்காலி, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 200. மொத்தம் 2,412 கிலோ. இழுவைத் திறனையே தாண்டிவிட்டது.

அதற்கும் முன்பே ஹிட்ச் எடை கையை விரித்துவிடும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் உருண்டையின் மேல் உட்கார வேண்டும். 12 சதவீதம் வைத்தாலே 289 கிலோ. உங்கள் ஹிட்சுக்கு 225தான். "அப்போது முன்பக்கத்துச் சாமானைப் பின்னால் தள்ளி ஹிட்ச் எடையைக் குறைத்துவிடலாமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்பாரம் குறைந்த டிரெய்லர் வேகம் எடுத்ததும் வாலாட்ட ஆரம்பிக்கும். ஒரு லாரி பக்கத்தில் கடந்து போனாலே போதும்.

இனி கதவு ஸ்டிக்கர். 560 கிலோவில் நாலு பேருக்கு 260, ஹிட்ச் தலைக்கும் சங்கிலிக்கும் 40, டிக்கியில் 60. மிச்சம் 200 கிலோ. ஹிட்ச் எடை இந்த 200க்குள் அடங்க வேண்டும். பாப்-அப்பை முழுச் சாமானோடு 1,300 கிலோ என்று வைத்தால் 12 சதவீதம் 156 கிலோ. இது அடங்கும்.

ஹிட்ச் எடையை வீட்டிலேயே பார்க்கலாம். குளியலறைத் தராசு நேரடியாகத் தாங்காது, அதனால் ஒரு தடித்த பலகையைக் குறுக்கே போடுங்கள். ஒரு முனை இரும்புக் குழாய் மேல், மறுமுனை தராசின் நடுவில் நிற்கும் இன்னொரு குழாய் மேல், இரண்டுக்கும் இடையே 90 செ.மீ. டிரெய்லரின் முன் ஜாக்கைப் பலகையில், தராசு இல்லாத பக்கக் குழாயிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இறக்குங்கள். தராசு காட்டுவதை 3 ஆல் பெருக்கினால் ஹிட்ச் எடை. பலகையின் எடையைக் கழிக்க முதலில் வெறும் பலகையோடு தராசைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போடாமல் இதைச் செய்யவே கூடாது.

பதில் 2

எடையில் முடிவு தெரிந்துவிட்டது. ஆனால் பாப்-அப் என்ன கேட்கும் என்று தெரிந்து வாங்குங்கள்.

நிறுத்திய பிறகு 20 முதல் 40 நிமிட வேலை, வரிசை மாறக் கூடாது. வண்டியோடு இணைந்திருக்கும்போதே தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்து இடவல மட்டம் பாருங்கள். பிறகு கட்டை போட்டு, கழற்றி, முன் ஜாக்கால் முன்பின் மட்டம். அதன் பிறகுதான் நாலு மூலை ஸ்டெபிலைசர் (ஆடாமல் நிறுத்தும் கால்கள்). அவை தரையைத் தொட்டு லேசாக இறுகினால் போதும். அவற்றால் டிரெய்லரைத் தூக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், கூரை கோணலாக ஏறும், கதவு அதன் சட்டத்தில் உட்காராது. கூரையை ஏற்றித் தாங்குகம்பியைப் பூட்டிய பிறகு படுக்கைத் தட்டை இழுங்கள். அடியில் முட்டுக்கம்பி கொடுக்கும் வரை பிள்ளைகள் மேலே ஏறக் கூடாது.

மழையில் விரிப்பது பெரிய விஷயமில்லை, மடிப்பதுதான் பாடு. ஈரத்தோடு மடித்த கேன்வாஸில் வெக்கையான நாளில் ஓரிரு நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். கறை போனாலும் வாடை போகாது. மடிக்கும்போது மெத்தைக்கும் ஈரத்துணிக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள், வீடு வந்த அன்றே அல்லது மறுநாளே திறந்து முழுக்கக் காயவிடுங்கள். இதற்கு வீட்டில் இடம் வேண்டும். படுக்கைத் தட்டுகள் வெளியே வந்தால் நீளம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த இடம் இல்லாதவருக்குப் பாப்-அப் சரிவராது என்பேன்.

கூரையை இறக்கும்போது காற்று வெளியேற மேல் வென்ட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இறக்கி முடித்ததும் மூடுங்கள். துணி விளிம்பில் சிக்காமல் சுற்றிலும் கையால் உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். வெளியே துருத்திய ஒரு விரல் அகலத் துணி போதும், வழியெல்லாம் மழைத்தண்ணீரைத் திரிபோல உள்ளே உறிஞ்சும்.

இன்னொன்று: கரடி நடமாட்டம் உள்ள காடுகளில் சில முகாம்கள் துணிச்சுவர் வண்டியை ஏற்பதில்லை. அந்தப் பத்து நாள் பயணம் எங்கே என்று முன்பே யோசியுங்கள்.

பதில் 3

பழைய பாப்-அப்பில் கேன்வாஸை விட முக்கியம் கூரையைத் தூக்கும் பொறி. பல மாடல்களில் வின்ச்சின் (கைப்பிடியைச் சுற்றிக் கேபிளை இழுக்கும் பொறி) கேபிள் ஒன்று சட்டத்தின் அடியில் ஓடி ஒரு இணைப்புத் தகட்டில் முடியும். அங்கிருந்து நாலு கேபிள் நாலு மூலைத் தூணுக்குப் பிரியும். ஒரு மூலை மட்டும் தாமதமாக ஏறினால் அந்தக் கேபிள் நீண்டிருக்கிறது அல்லது தூணின் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கிறது. விற்பவர் முன்னாலேயே முழுக்க ஏற்றி, நாலு மூலையிலும் டேப் வைத்து உயரம் அளந்து பாருங்கள். கீழே படுத்து டார்ச் அடித்துக் கேபிளைப் பாருங்கள், ஒரு இழை பிரிந்திருந்தாலும் எல்லாக் கேபிளையும் ஒன்றாக மாற்றும் செலவைப் பேரத்தில் வையுங்கள்.

பாதி ஏற்றிவிட்டுக் கைப்பிடியிலிருந்து மெதுவாகக் கையை எடுங்கள். கூரை அங்கேயே நிற்க வேண்டும். இறங்கினால் வின்ச் பிரேக் போய்விட்டது. பல நேரம் காரணம், முந்தைய ஆள் அக்கறையில் எல்லா இடத்திலும் கிரீஸ் பூசியிருப்பார். பல்சக்கரத்துக்குத்தான் கிரீஸ், உராய்வுத் தட்டுக்கு ஒரு துளி கூடாது.

டயரில் தயாரிப்புத் தேதி நாலு இலக்கமாக இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம். ஆறு வருஷம் ஆகியிருந்தால் டயர் எவ்வளவு தேயாமல் இருந்தாலும் மாற்றுங்கள், நின்றே வெடிப்பு விட்டிருக்கும். பாப்-அப் சக்கரம் சின்னது, அதே தூரத்துக்கு அதிக சுற்று சுற்றும், அதனால் பேரிங் சீக்கிரம் சூடாகும். முதல் 25 கிலோமீட்டரில் நிறுத்தி ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக்.

1,300 கிலோவை டிரெய்லர் பிரேக் இல்லாமல் இழுக்காதீர்கள். சட்டம் எந்த எடையிலிருந்து கட்டாயம் என்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும், இறக்கத்தில் அந்த எடை மாறாது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கடைசியாக ஒரு சந்தேகம். எடையைப் பிரித்துக் கொடுக்கும் ஹிட்ச் மாட்டினால் அந்த 289 கிலோ பிரச்சினை தீருமா? வீட்டில் மழைத்துணி காயவிட இடம் குறைவு, அதனால்தான் இன்னும் டிராவல் டிரெய்லரை விட மனசில்லை.

பதில் 1

தீராது. அந்த ஹிட்ச், பின் அச்சில் அழுத்தும் பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொள்வது குறையும், ஸ்டீயரிங் பிடிப்பு திரும்பும். 225 என்ற வரம்பை அது மாற்றாது. ஹிட்சிலேயே தனியாக அதிக அளவு குறித்திருந்தாலும், வண்டிக் கையேடு சொல்வதுதான் கடைசிச் சொல். சில கையேடுகள் அந்த வகை ஹிட்சையே கூடாது என்கின்றன, முதலில் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

துணி காய இடமில்லை என்றால் பெரியதுக்குத் தாவ வேண்டியதில்லை. சாமானோடு 1,600 கிலோவுக்குள் நிற்கும் 5 மீட்டர் கெட்டிச்சுவர் டிரெய்லர்களைத் தேடுங்கள். 12 சதவீதத்தில் 192 கிலோ, உங்கள் 200க்குள் மயிரிழையில் அடங்கும், டிக்கியில் 60க்கு மேல் ஏற்றக் கூடாது. அடுக்குப் படுக்கை உள்ள மாடல் பிள்ளைகளுக்குச் சரிவரும். கையேட்டில் டிரெய்லரின் முன்முகப் பரப்புக்கு வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மடித்த பாப்-அப் வண்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளும், உயரமான டிரெய்லர் காற்றை நேராக வாங்கும். வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்கு, பெட்ரோலும் அதற்கேற்ப.

பதில் 3

கெட்டிச்சுவர் என்று முடிவானால் கூரை ஓரம், ஜன்னல் கீழ், மூலைகள் எல்லாம் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் உள்ளே மரம் ஊறிவிட்டது. வெளிச்சுவரில் கொப்புளம் போல உப்பியிருந்தால் அந்த வண்டியே வேண்டாம், சரிசெய்யும் செலவு கட்டுபடியாகாது. வாங்கிய பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரை ஏறி, வென்ட்டைச் சுற்றியுள்ள சீலன்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். துணி காயவைக்கும் வேலை மிச்சமானால் அதற்குப் பதில் இந்த வேலை வரும்.