மலிவு ஃபிக்ஸட் ஹப்: லாக்ரிங் மரை தாங்குமா?

பாளை_பெடல் கேட்டது:

அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். பழைய 28 இஞ்ச் வண்டி ஒண்ணு இருக்கு. ராடு பிரேக், காட்டர் பின் கிராங்க், 44 பல் செயின் வீல். இதை ஃபிக்ஸட் கியரா, அதாவது வீல் சுத்துறவரை பெடலும் சேந்தே சுத்துறமாதிரி மாத்தணும். ஆன்லைன்ல ஆயிரம் ரூவாய்க்குள்ள ஒரு அலுமினிய ஹப் கெடக்கு. ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் பிரீவீல்னு போட்டிருக்கான். 36 ஓட்டை. 16 பல் சக்கரமும் அதைக் கழறாம பிடிக்கிற லாக்ரிங் வளையமும் கூடவே வருதாம். கம்பெனி பேரும் இல்ல, த்ரெட் அளவும் இல்ல.

நெல்லை ஜங்ஷன் பக்கம் கேட்டா, "அது எதுக்கு, இருக்குற பிரீவீல்லயே வெல்டிங் வச்சிரலாம்"ங்காங்க. ஓட்டம் பாளை–ஜங்ஷன், லீவு நாள்ல அம்பை, பாபநாசம் வரை. ஃபிக்ஸட் ஆயிட்டா பிரேக்கைக் கழட்டிரலாம்னு ஒரு எண்ணம். எது சரிப்படும்?

வண்ணாரப்பேட்டை_லேத்து:

பிரேக்கைக் கழட்டுற எண்ணத்தை முதல்ல விட்டுருங்க தம்பி. மத்ததைப் பேசுவோம்.

சாதா ஹப்ல பிரீவீல் வலது மரைல, அதாவது வலப்பக்கம் திருப்பினா இறுகுற மரைல ஏறுது. மிதிக்க மிதிக்க இறுகும். மிதிக்கலைன்னா சும்மா சுத்தும். அதைக் கழட்டுற திசைல ஒரு விசையும் வராது, அதனால மரை எவ்வளவு மட்டமா இருந்தாலும் காலம் ஓடிரும். ஃபிக்ஸட்ல நீங்க பெடலைப் பின்னால அழுத்திப் பிடிக்கும்போதெல்லாம் பல்சக்கரம் கழறுற பக்கம் திரும்பப் பாக்கும். அதைத் தடுக்கத்தான் லாக்ரிங். நல்ல ஃபிக்ஸட் ஹப்ல மரை ரெண்டு படியா இருக்கும். உள்படி 1.37 இஞ்ச், இஞ்சுக்கு 24 மரை, வலது. அதுலதான் சக்கரம் ஏறும். வெளிப்படி கொஞ்சம் சின்னது, 1.29 இஞ்ச், அதுவும் இஞ்சுக்கு 24, ஆனா இடது மரை. லாக்ரிங் அதுல ஏறும். சக்கரம் கழறப் பாத்தா லாக்ரிங்கையும் சேத்துத் திருப்பும், அந்தத் திருப்பு லாக்ரிங்கை இன்னும் இறுக்கும். சூட்சுமம் அவ்வளவுதான்.

கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க. 170 மிமீ கிராங்க்ல 60 கிலோ பாரத்தைப் பின்னால குடுத்தா கிராங்க்ல சுமார் 100 நியூட்டன் மீட்டர். 44 பல் முன்னால, 18 பல் பின்னால இருந்தா ஹப்ல வந்து சேருறது 41. அதைத் தாங்குறது ஆறேழு சுத்து சக்கர மரையும் நாலஞ்சு சுத்து லாக்ரிங் மரையும். ஒரு மரைக்கு நடுவுல இருக்குற தூரம் 1.06 மிமீதான். இதை மட்டமான அலுமினியத்துல, லூசா வெட்டி வச்சா என்ன ஆகும்? ஒரே நாள்ல பிச்சுக்கிட்டு வராது. முதல்ல சக்கரம் மயிரிழை ஆடும். முன்னால மிதிச்சா ஒரு தட்டு, பின்னால பிடிச்சா ஒரு தட்டு. அந்தத் தட்டுதான் மரையைத் தின்னும். லாக்ரிங்கைக் கழட்டிப் பாத்தா கிரீஸ் கருஞ்சாம்பலா இருக்கும், விரல்ல தேச்சா மினுமினுன்னு அலுமினியப் பொடி ஒட்டும். அதுக்கப்புறம் ஒரு நாள் பின்னால அழுத்தும்போது லாக்ரிங் மரையோட முகட்டைச் சுருள் சுருளா வழிச்சுக்கிட்டு வெளிய வந்துரும். சக்கரம் கழண்டு நகரும், செயின் கோடு, அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் செயின் ஓடுற நேர்கோடு, மாறும். செயின் வெளிப்பக்கம் விழுந்தா கால் சும்மா சுத்தும், நிறுத்த ஒண்ணும் இல்ல. போக்ஸ் கம்பி பக்கம் விழுந்து மாட்டுனா பின் வீல் அப்படியே நின்னுரும். ரெண்டுல எது வரும்னு சொல்ல முடியாது.

வழிச்ச அலுமினிய மரையை லேத்துல திரும்ப வெட்ட முடியாது, வெட்ட சதை இருக்காது. யாராவது வெட்டித் தாரேன்னா குடுக்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னால விக்கிறவன்கிட்ட ஹப்போட பக்கவாட்டுப் படம் கேளுங்க. படி ரெண்டு தெரியணும். கைக்கு வந்ததும் வெர்னியர் வைங்க: உள்படி 34.8, வெளிப்படி 32.8 மிமீ பக்கம் வரணும். சக்கரத்தைக் கையாலேயே ஏத்துங்க. கடைசி வரைக்கும் போகணும், பாதியில இருக்கும்போது அசைச்சா தொளதொளன்னு ஆடக் கூடாது. சக்கரம் அடிவரை உக்காந்தபிறகு லாக்ரிங்கை ஏத்தி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு தாளைச் சொருகிப் பாருங்க. நுழைஞ்சா அந்த ஜோடி உதவாது. லாக்ரிங் சக்கரத்தைத் தொடாம மரை முடியுற இடத்துல முட்டி நிக்குதுன்னு அர்த்தம். கைக்கு நல்லா இறுகுனமாதிரிதான் இருக்கும், ஆனா சக்கரத்தை அது பிடிக்கவே இல்ல. சக்கரம் ஒல்லியா இருந்தா இது நடக்கும், கூடவே வர்ற இலவசச் சக்கரங்கள்ல ரொம்பவே நடக்கும்.

மேகாத்து_தென்காசி:

லேத்து அண்ணாச்சி ஹப்பைச் சொல்லிட்டாரு. ஆனா அதுக்கு முன்னாலயே ஒரு முட்டுக்கட்டை இருக்கு. நம்மூரு 28 இஞ்ச் வண்டில பின் ரிம் 40 ஓட்டை, முன் ரிம் 32. 36 ஓட்டை ஹப்பை ரெண்டுலயும் கோக்க முடியாது. 36 ஓட்டை ரிம் தனியா வாங்கணும். கிடைக்கிறது பெரும்பாலும் 700சி அளவு ரிம், அதோட விட்டம் 622 மிமீ. உங்க வண்டி ரிம் 635. ராடு பிரேக் கட்டை ரிம்மோட உள்பக்கத்துல மேல்நோக்கி அழுத்துறது. 700சி ரிம்ல அதுக்கு உக்கார இடம் கெடையாது. ஆக பின் பிரேக் தானாப் போச்சு. முன் வீலை மட்டும் தொடாதீங்க, முன் பிரேக் அப்படியே இருக்கட்டும். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைல குரோம் ரிம் நனைஞ்சா ராடு பிரேக் வழுக்கும், தெரிஞ்சு ஓட்டுங்க.

அடுத்தது பின் ஃபோர்க் அகலம். டிராக் ஹப், அதாவது ஃபிக்ஸட் ஹப், நட்டுக்கு நட்டு 120 மிமீ. பழைய வண்டி ஃபோர்க்கு அதைவிட ஒடுக்கமா இருக்கும். இரும்பு ஃபிரேம்ங்கறதால சில மிமீ விரிக்கலாம், ரெண்டு பக்கமும் சமமா. ஆக்ஸில் 10 மிமீ, நம்ம வண்டி ஃபோர்க்குல ஆக்ஸில் உக்காருற காடி 3/8 இஞ்சுக்கு வெட்டினது, அதாவது 9.5. காடியை அரம் போட்டு விரிங்க. ஆக்ஸிலை அரைக்காதீங்க. மலிவு ஹப்புல முதல்ல வளையுறதே அந்த ஆக்ஸில்தான், அதையும் அரைச்சா வலது நட்டு ஓரத்துல மரையோட ஒடியும். நட்டுக்கு அடியில பல் வச்ச வாஷர் போடுங்க. செயின் டைட்டர் ரெண்டு பக்கமும் இருக்கணும். ஃபிக்ஸட்ல ஆக்ஸில் காடில நகந்தா செயின் தளரும், தளந்தா கழறும். செயின் நடுவுல மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் ஆடுறாப்ல இருக்கட்டும். காட்டர் கிராங்க் செயின் வீல் முழு வட்டமா இருக்காது, கிராங்கை நாலு இடத்துல நிறுத்தி, இருக்குறதுலயே இறுக்கமான இடத்துல வச்சு அளங்க.

செயின் கோடு முக்கியம். நீளமான நேர் பட்டையைச் செயின் வீல்ல ஒட்டி வைங்க. பின் சக்கரத்துல 2 மிமீக்கு மேல தள்ளி நின்னா ஆக்ஸில் ஸ்பேசரை இடம் மாத்தி, ரிம்மைத் திரும்பக் கோட்டம் எடுங்க. சக்கரத்துக்குப் பின்னால தடியா வாஷர் போட்டுச் சரிக்கட்டாதீங்க, அவ்வளவு மரை குறைஞ்சு போகும்.

போக்ஸை மூணு குறுக்கா, ஒரு கம்பி மத்த மூணு கம்பியைக் குறுக்க வெட்டுறாப்ல, கோக்கணும். பின்னால நேர்கம்பி கூடவே கூடாது. இங்க முறுக்கு ரெண்டு திசைலயும் வருது, மலிவு ஹப்போட விளிம்பு ஓட்டைக்கு ஓட்டை கீறல் விட்டுரும்.

16 பல் வேண்டாம். ஆனி, ஆடில செங்கோட்டை கணவாய்க் காத்தை எதுத்து அம்பை, தென்காசி வரணும்னா முட்டி போயிரும். 18 போடுங்க. சரி, அப்படியே திரும்பும்போது அந்தக் காத்து முதுகைத் தள்ளும். ஆலங்குளத்துல இருந்து நெல்லை வர வர காலால பிடிச்சுக்கிட்டே வருவீங்க. லாக்ரிங்குக்கு அதுதான் பரீட்சை. பாபநாசத்துக்கு மேல இறக்கத்துல கணக்கு இன்னும் மோசம்: 44க்கு 18ல, மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துல, ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 140 சுத்து பெடல் சுத்தணும். அந்த வேகத்துல காலால பிடிக்கிறது நடக்காது, கைப்பிரேக்தான்.

சந்திப்பு_சைக்கிள்:

இவ்வளவு எதுக்குய்யா? வெல்டிங் வச்ச பிரீவீல் எத்தனையோ வண்டில ஓடுது. வித்தை காட்டுறவங்க பூரா அதுதான். ஹப்பு இரும்பு, அலுமினியம் இல்லல்லா.

வண்ணாரப்பேட்டை_லேத்து:

ஹப்பு இரும்புங்கறது சரி. அந்த விஷயத்துல நம்ம பழைய ஹப்பு ஆன்லைன் டப்பாவை விட ஆயிரம் மடங்கு மேல். ஆனா வித்தைக்காரங்க ஒரே வட்டத்துல, பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் வேகத்துல ஓட்டுதாங்க. பின்னால லாரி வராது.

பிரீவீலோட உள்ளையும் வெளியையும் வெல்டு பண்ணி ஒண்ணாக்குனா அது ஒரு பல்சக்கரம் ஆச்சு, அவ்வளவுதான். ஹப்ல ஏறுறது அதே வலது மரை. லாக்ரிங் இல்ல. பின்னால அழுத்தினா டப்பா மூடி மாதிரி கழறும், மேம்பாலத்துல ஏறி நல்லா இறுகியிருந்தாலும் இறங்கையில ஒரு அழுத்துக்குக் கழண்டுரும். ஆர்க் வெல்டிங் சூட்டுல பிரீவீலும் கோணும், கோணுனா செயின் ஒரு சுத்துக்குள்ளயே இறுகித் தளரும்.

அதுக்காகச் சக்கரத்தை ஹப்போடயே சேத்து வெல்டிங் வைக்காங்க சிலபேர். அதுல கழறாது, வாஸ்தவம். ஆனா ஹப்புக்குள்ள இருக்குற கப்பு கடினப்படுத்தின இரும்பு. அவ்வளவு பக்கத்துல சூடு ஏறினா பதம் போயிரும். கால் இஞ்ச் பால்ஸ் ஒரு பக்கத்துக்கு ஒன்பது ஓடுற பாதையில சீக்கிரமே குழி விழும், கோனை எவ்வளவு திருப்பினாலும் ஆட்டம் நிக்காது. வலது பக்கம் ஒரு போக்ஸ் ஒடிஞ்சா மாத்தவும் முடியாது, சக்கரம் மறைச்சு நிக்கும். மொத்த ஹப்பும் காயலான் கடைக்குத்தான்.

மேகாத்து_தென்காசி:

பிரேக்கைக் கழட்டுறதைப் பத்தி ஒண்ணு: பிரிட்டன்ல 1983 விதிப்படி, ஃபிக்ஸட் வண்டிக்குப் பின் பிரேக் கேக்க மாட்டாங்க, ஆனா முன் வீலுக்கு பிரேக் இருந்தே ஆகணும். அந்த அளவாவது நாமும் வச்சுக்கிடுவோம். அப்புறம் வேட்டி, கைலியோட ஃபிக்ஸட்ல ஏறாதீங்க. துணி செயின்ல மாட்டினா, வண்டி நிக்கிறவரை பெடல் நிக்காது.

பாளை_பெடல்:

நன்றி அண்ணாச்சி. விக்கிறவன் படம் அனுப்பிட்டான். படி இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே குழாயா இருக்கு, லாக்ரிங்கும் 34.8, வலது மரைதானாம். "திரெட் லாக் பசை போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது"ங்கான். போடலாமா? நல்ல ஹப்பு எடுத்தா எப்படி மாட்டணும்னும் சொல்லுங்க.

வண்ணாரப்பேட்டை_லேத்து:

அது ரெண்டு பக்கமும் பிரீவீல் ஹப்பு. ஃபிக்ஸட்னு பேரு மட்டும் ஒட்டியிருக்கான். லாக்ரிங்குன்னு குடுக்குறது பாட்டம் பிராக்கெட் கப்புக்கு, அதாவது கிராங்க் அச்சு சுத்துற இடத்துக் கப்புக்குப் போடுற வளையம், அதுவும் 1.37தான். ரெண்டு வலது மரை ஒண்ணோடு ஒண்ணு இறுகினா கொஞ்ச நேரம் பிடிக்கும். கழறும்போது ரெண்டும் ஒரே திசையில சேந்து கழறும். வெளிநாட்டு ஓட்டிங்க இதுக்குத் தற்கொலை ஹப்புன்னே பேரு வச்சிருக்காங்க. பசை நம்பிக்கையான பிடி இல்ல, சக்கரம் மாத்தணும்னா சூடு வைக்க வேற செய்யணும். அந்தக் காசை வச்சுக்கிடுங்க. தைவான்ல செய்யுற ஃபார்முலா, நோவாடெக் மாதிரி ஹப்பு விலை கூடத்தான், ஆனா படி, மரை ரெண்டும் ஒழுங்கா இருக்கும். பேரிங் பெரும்பாலும் 6000 இல்லன்னா 6001 நம்பர். சீல்லயே அச்சடிச்சிருக்கும், பம்புசெட் மோட்டார் சாமான் விக்கிற கடையில கிடைக்கும். கேக்கும்போது ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்ச 2ஆர்எஸ் கேளுங்க. தகரம் வச்சது மழைக்கு ஆகாது.

மாட்டுறதுக்கு: மரையை மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ் வச்சுக் கழுவிக் காயவிடுங்க. ரெண்டு படிலயும் கிரீஸ். சக்கரத்தைக் கையால முழுசா ஏத்துங்க. பாதியில மாட்டினா கோண ஏறியிருக்கு, கழட்டித் திரும்ப ஏத்தணும், கருவி போட்டு இழுக்கக் கூடாது. அப்புறம் செயின் பட்டை. இல்லன்னா ஒரு அடிக்கும் கொஞ்சம் கூட நீளமான தடி இரும்புப் பட்டையில பழைய செயின் துண்டை போல்ட் போட்டுக் கட்டிக்கோங்க. நுனியில 20 கிலோ பாரம் சாஞ்சா ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர் கிடைக்கும், நீங்க பின்னால குடுக்கப்போற 41ஐ விட அது கூட. லாக்ரிங்கை இடது பக்கம் திருப்பி, கொக்கி ஸ்பேனரால இறுக்குங்க. உளியும் சுத்தியலும் வேண்டாம், மெத்து லாக்ரிங்கோட காடி பிஞ்சுரும்.

மாட்டின உடனே பின்னால அழுத்தாதீங்க. ஈரடுக்கு மேம்பாலம் ஏத்தத்துல ரெண்டு தடவை எழுந்து நின்னு மிதிச்சு ஏறுங்க, இறங்கையில கைப்பிரேக். சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ள போயிருக்கும். அப்ப லாக்ரிங் லூசாத் தெரியும், திரும்ப இறுக்குங்க. பிறகு ஹப், சக்கரம், லாக்ரிங் மூணுக்கும் குறுக்க நகப்பாலிஷ்ல ஒரு கோடு போட்டு வைங்க. கிளம்புறதுக்கு முன்னால ஒரு பார்வை. கோடு ஒடிஞ்சிருந்தா ஏதோ நகந்திருக்கு. அன்னைக்கு ஓட்டாதீங்க, கழட்டி கிரீஸ்ல பொடி இருக்கான்னு பாருங்க. பொடி இல்லன்னா திரும்ப இறுக்கிட்டு ஓட்டலாம். பொடி இருந்தா அந்தப் பக்கத்துல இனி ஃபிக்ஸட் வேண்டாம். உள்படி மரை நல்லா இருக்குற பட்சத்துல அதுலயே ஒரு பிரீவீலை ஏத்தி, பின்னால கேபிள் பிரேக் ஒண்ணும் போட்டு ஓட்டிக்கிடலாம்.

காட்டர் பின்னையும் மறந்துராதீங்க. முன்னும் பின்னும் விசை வர்ற வண்டியில, கிராங்கை அச்சுல பிடிக்கிற அந்தப் பழைய காட்டர் பின் ரெண்டு வாரத்துல ஆட ஆரம்பிக்கும். புதுசா ரெண்டு போடுங்க, நட்டை அப்பப்போ இறுக்குங்க.