சித்திரை வெயிலில் நான்கு நாள் வாலிபர் முகாம்: நாள் ஒழுங்கை எப்படி அமைப்பது?

கேள்வி: பாகோ வாலிபர் பொறுப்பு

கர்த்தருடைய நாமத்தில் அனைவருக்கும் வாழ்த்துகள். மியான்மரில் பாகோவிலுள்ள எங்கள் சபையில் இந்த வருஷம் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு முதல்முறையாகத் தங்கும் முகாம் வைக்கிறோம். பிள்ளைகள் 48, பெரியவர்கள் 12, ஆக மொத்தம் 60 பேர். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்து நான்காம் நாள் மதியச் சாப்பாடு முடிந்து கிளம்புவார்கள். இடம் ஆலய வளாகம்: செங்கல் கூடம் ஒன்று, ஓலைக் கொட்டகை ஒன்று, கிணறு ஒன்று, 1000 லிட்டர் தொட்டி ஒன்று, கழிப்பறை மூன்று. மின்சாரம் வரும், போகும்.

திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) விடுமுறையிலேயே வைக்கலாமா, அது முடிந்து வைக்கலாமா? காலையிலிருந்து இரவு வரை நேரத்தை எப்படிப் பிரிப்பது? அரிசி, பருப்பு எவ்வளவு வாங்குவது? பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் பலருக்கு வாசிக்க வருவது பர்மிய எழுத்துதான். வேதபாடத்தை எப்படி நடத்துவது? அனுபவமுள்ள ஐயாமார், அக்காமார் விவரமாகச் சொல்லுங்கள்.

பதில் 1: தன்லின் அண்ணன்

தம்பி, முதலில் தேதி. திஞ்ஜான் ஏப்ரல் 13 முதல் 16 வரை, 17 புத்தாண்டு. அந்த ஐந்து நாளும் சந்தை பெரும்பாலும் மூடியிருக்கும், பஸ் குறையும், திறந்த லாரியில் வந்தால் அரிசி மூட்டையும் பாய் தலையணையும் வழியிலேயே நனைந்துவிடும். வேலைக்குப் போகிற பொறுப்பாளர்களுக்கு அப்போதுதான் லீவு கிடைக்கும் என்றால் 12ஆம் தேதி மதியத்துக்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். காய்கறி உட்பட எல்லாம் 11ஆம் தேதியே வாங்கியாக வேண்டும். பொறுப்பாளர்களுக்கு வேறு லீவு கிடைக்குமானால் 17 கழித்து வைப்பதே நல்லது. ஈஸ்டர் எந்தத் தேதியில் வருகிறது என்றும் பாருங்கள். 2025இல் ஏப்ரல் 20 வந்தது. அப்படிப்பட்ட வருஷத்தில் பரிசுத்த வாரமும் திஞ்ஜானும் ஒன்றன்மேல் ஒன்று விழும், பாடகர் குழுப் பிள்ளைகள் ஒருவரும் முகாமுக்குக் கிடைக்க மாட்டார்கள்.

இரவு தங்குகிறவர்களின் பெயர்ப் பட்டியலை வார்டு அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். பிள்ளைகளின் அடையாள அட்டை நகல், அட்டை இல்லாதவர்களுக்கு வீட்டுப் பட்டியல் நகல், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், இவை மூன்றையும் பதிவு நாளிலேயே வாங்கி ஒரே கோப்பில் போடுங்கள். முகாம் தொடங்குகிற அன்று போய் நிற்காதீர்கள். ஒரு வாரம் முன்பே போதகரும் ஒரு மூப்பரும் போய்ப் பேசி, எத்தனை பிரதி வேண்டும், யார் கையில் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வைப்பது உத்தமம்.

இனி நாள் ஒழுங்கு. நம் ஊர் ஏப்ரலில் பகல் பதினொன்று முதல் இரண்டரை வரை எந்த நிகழ்ச்சியும் வைக்கக் கூடாது. இதை முதலில் அட்டவணையில் அடைத்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி எழுதுங்கள். பெரும்பாலான முகாம்களில் கெடுவது இங்கேதான். பேச்சாளர் வந்திருக்கிறார் என்று ஒரு மணிக்குக் கூட்டம் போடுவார்கள், பிள்ளைகள் தூங்கி வழிவார்கள், சாயங்காலம் தலைவலி என்று பத்துப் பேர் படுத்துவிடுவார்கள்.

அந்த மாதத்தில் பொழுது விடிவது சுமார் ஐந்தே முக்காலுக்கு. ஐந்து மணிக்கு மணி அடியுங்கள். ஐந்தரைக்குத் தனித்தியானம், ஆறுக்குச் சேர்ந்து ஜெபம், ஆறே காலுக்கு வேலைப் பங்கு, ஏழுக்குப் பசியாறுதல். முதல் வேதபாடம் ஏழே முக்காலிலிருந்து ஒன்பது வரை. அரை மணி இடைவேளை விட்டு, ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை சின்னக் குழுக்களில் பேசுவது. பத்தே முக்காலுக்கு மதியச் சாப்பாடு, பிறகு இரண்டரை வரை ஓய்வு. தூங்காதவர்கள் படுத்துக்கொண்டு வாசிக்கலாம், பேச்சு மட்டும் கூடாது. இரண்டரைக்குப் பாட்டுப் பழகல், நாடக ஒத்திகை, கைவேலை எல்லாம் நிழலில். நாலரைக்குத்தான் மைதானம், ஐந்தே காலிலிருந்து குளியல். ஆறரைக்கு இரவுச் சாப்பாடு, ஏழரைக்கு இரவுக் கூட்டம், ஒன்பதுக்குக் குழு ஜெபம், ஒன்பதே முக்காலுக்கு விளக்கணைப்பு. முதல் நாள் இரவு எப்படியும் தூங்க மாட்டார்கள். இரண்டாம் நாள் இரவுக் கூட்டத்தைச் சுருக்கிவிட்டால் மூன்றாம் நாள் தாங்குவார்கள்.

மூன்று கழிப்பறைக்கு 60 பேர் என்றால் ஒன்றுக்கு இருபது பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் ஆனாலும் நூறு நிமிஷம் ஓடிவிடும், காலை ஒழுங்கு மொத்தமும் சரியும். கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, மூங்கில் தட்டி மறைப்போடு இரண்டு குழிக் கழிப்பறை வெட்டுங்கள், பக்கத்தில் சாம்பல் வாளி வையுங்கள். அப்படியும் பிள்ளைகளை இரண்டு பாதியாக, கால் மணி வித்தியாசத்தில் எழுப்புவது நல்லது.

குளியலுக்கு ஆளுக்கு 40 லிட்டர் என்றாலே ஒரு நாளைக்கு 2400 லிட்டர். உங்கள் தொட்டி இரண்டரை முறை நிரம்ப வேண்டும். மின்சாரம் வருகிற நேரத்தில், நள்ளிரவானாலும் சரி, எழுந்து மோட்டார் போட ஒருவரை நியமியுங்கள். பெரிய டிரம் நான்கைந்து இரவல் வாங்கி நிரப்பி வைத்தால் ஒரு நாள் மின்சாரமே வராவிட்டாலும் சமாளிக்கலாம். முகாமுக்கு முன்பே கிணற்று வாளியும் கயிறும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

வேலைப் பங்குக்கு எட்டுப் பேர் வீதம் ஆறு குழு: தண்ணீர், பாத்திரம், கழிப்பறை, கூடம் கூட்டுதல், சமையல் உதவி, பரிமாறல். ஒவ்வொரு வேளைக்கும் மாற்றுங்கள். நாளுக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு குழு நாள் முழுக்கக் கழிப்பறையிலேயே நிற்கும். குழுத் தலைவரும் கூட நின்று தேய்க்க வேண்டும், பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்கள்.

பதில் 2: அடுப்படி அக்கா

அரிசிக் கணக்கு நான் சொல்றேன் தம்பி. பிய்ங்கறது நம்ம ஊர் அரிசிப் படி, ஒரு பிய்க்கு எட்டுப் பால் டின். பெரியவங்கன்னா ஒரு வேளைக்கு ரெண்டு பேருக்கு ஒரு டின் போதும். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு மூணு பேருக்கு ரெண்டு டின் வைங்க. 60 பேருக்கு 40 டின், அதாவது 5 பிய். உங்க கணக்குப்படி சோத்து வேளை ஏழு வருது, அப்ப 35 பிய். 24 பிய் மூட்டை ஒண்ணரை வாங்கினா சரியா இருக்கும். காலையிலயும் சோறுன்னா ரெண்டு மூட்டையா வாங்கிடுங்க.

5 பிய்யையும் ஒரே பானையில போடாதீங்க. அடி கருகும், மேல விதையா நிக்கும். ரெண்டு பானையில பிரிச்சுப் போட்டு, கொதிச்சதும் கஞ்சி வடிச்சு தம் போடுங்க. அந்தக் கஞ்சியில உப்பு போட்டு மதியச் சாப்பாட்டோட கொடுத்தா வெயிலுக்கு அதைவிட நல்லது கிடையாது.

பருப்பு, கெட்டியா சாம்பார் மாதிரி வேணும்னா 60 பேருக்கு ரெண்டே கால் வீசை (ஒரு வீசை சுமார் 1.6 கிலோ), தண்ணியா ரசம் மாதிரின்னா ஒண்ணே கால். கோழி எலும்போட ஆறு வீசை, ஆளுக்கு ரெண்டு துண்டு விழும். ரெண்டு நாளைக்குக் கோழி, ஒரு நாளைக்கு முட்டை, மத்த வேளைக்குப் பருப்பும் புளிச்சக்கீரையும் கருவாடும் போதும். மாட்டுக்கறி வேண்டாம். நம்ம சபைக் குடும்பங்கள்லயே சாப்பிடாதவங்க உண்டு, கூட வர்ற சிநேகிதப் பிள்ளைகள் இந்துவாகவும் இருக்கலாம். பதிவுத் தாள்லயே எது ஆகாதுன்னு ஒரு வரி கேட்டு வைங்க.

வெயில் காலத்துல சமைச்சது ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா கிடக்கக் கூடாது. பத்தே முக்கால் சாப்பாட்டுக்குப் பத்தரைக்கு அடுப்பை விட்டு இறங்கினாப் போதும், ஒன்பதுக்கே ஆக்கி வைக்காதீங்க. மிஞ்சின சோத்தை ராத்திரி வச்சுக் காலையில வறுக்கிற பழக்கத்தை முகாம்ல விட்டுடுங்க. சோத்துல வளர்ற கிருமியோட நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. தேங்காய்ப்பால் ஊத்தின நூடுல்ஸ் செய்யணும்னா ராத்திரிக்கு வைங்க, கண் முன்னால ஆக்கி உடனே பரிமாறுங்க. கோழியை அன்னன்னைக்குக் காலையில வாங்கி எட்டரைக்குள்ள மஞ்சள் உப்புப் போட்டு அடுப்பேத்திடணும்.

குடிதண்ணி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், அறுபது பேருக்கு 180. இருபது லிட்டர் பாட்டில் ஒன்பது, கூட ரெண்டு. பானையில ஒரே குவளை வைக்காதீங்க, ஒருத்தருக்கு வயித்துப்போக்குன்னா மறுநாள் குழு முழுக்க வரும். ஆளுக்கு ஒரு குவளை, பேர் எழுதி. எலுமிச்சைத் தண்ணிக்கு 20 லிட்டருக்கு 40 பழம், ஒரு கிலோ சீனி, ஏழு டீஸ்பூன் உப்பு. ஐஸ் கட்டியைத் தண்ணிக்குள்ள போடாதீங்க. அது குடிக்கிற தண்ணியில உறைய வச்சதாங்கறதுக்கு உத்தரவாதம் இல்ல. பாத்திரத்தைச் சுத்தி வெளியில வச்சாலே குளிரும்.

ஒண்ணு மறந்துட்டேன்: லபெத் சாலட் ராத்திரிக்கு வேண்டாம். தேயிலையைத் தின்னுட்டுப் பன்னெண்டு மணிக்கும் பிள்ளைங்க கண்ணை மூடாது.

பதில் 3: மருந்துப் பெட்டி

சகோதரருக்கு வாழ்த்துகள். கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 மார்ச் 28 நிலநடுக்கம் 7.7 அளவு இருந்தது. செங்கல் கூடத்தில் குறுக்காக ஓடும் விரிசல், தூணும் சுவரும் சேருமிடத்தில் பிளவு, சாய்ந்த கூரை மரம் இருந்தால் அங்கே பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள், ஓலைக் கொட்டகையே மேல். முதல் நாள் மாலையிலேயே எந்த வாசல் வழியாக வெளியேறி எந்த மரத்தடியில் கூட வேண்டும் என்று ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். இரவில் வாசலை மறித்துப் பாய் போடக் கூடாது.

பெட்டியில் பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம் முப்பதாவது, வெப்பமானி, காயத்துக்குத் துணி, கிருமிநாசினி, பூச்சிக்கடிக்குக் களிம்பு. பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ கொடுக்க வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். டெங்குக் கொசு பகலில் கடிப்பது, ஆகவே மதிய ஓய்வுக்கும் கொசுவலை வேண்டும். குளியலுக்கு நிரப்பும் டிரம்களை முகாமுக்கு முன் ஒருமுறை கொட்டி உள்பக்கம் தேய்த்து மூடி போடுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

வெயிலில் ஒரு பிள்ளை தலைவலி, குமட்டல் என்றால் நிழல், உப்புச்சீனித் தண்ணீர், ஈரத்துணி. பேச்சுக் குழறினாலோ ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ அது வேறு: உடனே உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. பாம்புக் கடிக்குக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து வண்டி ஏற்றுங்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று முன்பே போய்க் கேட்டு, எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகிறவர் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் போகக் கூடாது.

பெண்பிள்ளைகளுக்கு: குளியலிடத்தைத் தார்ப்பாய் கட்டி நான்கு பக்கமும் மறையுங்கள், நேரத்தையும் ஆண்பிள்ளைகளுக்கு முந்தியதாக வையுங்கள். நாப்கின் இரண்டு கட்டு பொறுப்பு அக்காவிடம் இருக்கட்டும். கேட்டு வாங்கக் கூச்சப்படுவார்கள், ஆகவே குளியலிடத்திலேயே ஒரு பையில் தொங்கவிடுங்கள், மூடி போட்ட குப்பைவாளியும் வையுங்கள். பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. ஆலோசனையோ ஜெபமோ, மற்றவர் பார்க்கிற இடத்தில் நடக்கட்டும். போதகர் உட்பட யாருக்கும் இதில் விலக்கு வேண்டாம்.

பதில் 4: வேதபாடம் நடத்துபவர்

நான்கு நாளுக்கு ஒரே ஆளின் கதை எடுத்தால் பிள்ளைகள் இழை விடாமல் வருவார்கள். ஆதியாகமத்தில் யோசேப்பு நன்றாகப் பொருந்தும்: 37ஆம் அதிகாரத்தில் அண்ணன்மாரின் பொறாமை, 39இல் சோதனையும் சிறையும், 41இல் பார்வோன் முன் நிற்பது, 45இல் அண்ணன்மாரை மன்னிப்பது. இந்த வயதில் வீட்டில் நடக்கும் எல்லாமே அதற்குள் இருக்கிறது. ஒரு பாடத்துக்குப் பத்துப் பதினைந்து வசனத்துக்கு மேல் வேண்டாம்.

மொழி விஷயம். முதலில் பர்மிய வேதாகமத்தில் ஒரு பிள்ளை வாசிக்கட்டும். ஜட்சன் ஐயரின் மொழிபெயர்ப்பு 1834இல் முடிந்தது, அதன் நடை பழையது, பாலிச் சொற்கள் மிகுதி. அதனால் எளிய நடையில் வந்த பர்மியப் பதிப்பும் குழுவுக்கு இரண்டு இருக்கட்டும். பொருள் பிடிபட்ட பிறகு பொறுப்பாளர் தமிழில் மெதுவாக வாசிக்க வேண்டும். கேள்வி மூன்றே: என்ன நடந்தது, தேவனைப் பற்றி என்ன தெரிகிறது, இன்றைக்கு நான் என்ன செய்வேன். பதிலை எந்த மொழியில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழில் சொல் என்று வற்புறுத்தினால் அடுத்த நாள் வாயே திறக்க மாட்டார்கள்.

பாட்டுத்தாளில் மேல்வரி தமிழ் எழுத்து, கீழ்வரி அதே தமிழ் ஒலி பர்மிய எழுத்தில். ஆனால் பர்மிய எழுத்தில் சொல் முடிவில் வரும் ல், ள், ர் ஒலிக்காது. தாளைப் பார்த்து மட்டும் பாடினால் பாதிச் சொல் விழுங்கப்படும். ஆகவே இரண்டரை மணிப் பழகலில் தாள் கொடுக்காமல் வரி வரியாகக் காதால் கற்பித்துவிட்டுப் பிறகு தாளைக் கொடுங்கள். நாளுக்கு இரண்டு புதுப்பாட்டு போதும்.

மறுகேள்வி: பாகோ வாலிபர் பொறுப்பு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம், அச்சடித்து வைத்துக்கொள்கிறேன். இன்னும் இரண்டு: கைப்பேசியை என்ன செய்வது? கடைசி இரவில் நெருப்பு மூட்டி சாட்சிக் கூட்டம் வைக்கலாமா?

பதில் 5: தன்லின் அண்ணன்

கைப்பேசியை வந்தவுடன் அணைத்து, பெயர் எழுதிய உறையில் போட்டுப் பூட்டி வையுங்கள். ஆனால் தினமும் குளித்த பிறகு இருபது நிமிஷம் திருப்பிக் கொடுங்கள். இன்றைய நிலைமையில் பிள்ளையின் குரல் கேட்காமல் எந்த அம்மாவும் நிம்மதியாக இருக்க மாட்டார். நெட்வொர்க் போகும் என்பதால் 48 வீட்டு எண்ணையும் தாளில் எழுதி இருவரிடம் கொடுத்து வையுங்கள். சார்ஜ் போடுவது ஒரே மேஜையில், ஒரு பொறுப்பாளர் பார்வையில் இருக்கட்டும்.

நெருப்பு மூட்டலாம், ஆனால் வார்டு அலுவலகத்தில் சொல்லிவிட்டு. சித்திரையில் புல்லும் ஓலையும் காய்ந்து கிடக்கும். கொட்டகையிலிருந்து குறைந்தது இருபது அடி தள்ளி, சுற்றிலும் புல்லைச் செதுக்கி, முழங்கால் ஆழக் குழியில் மூட்டுங்கள். காற்று அடித்தால் விட்டுவிடுங்கள், சார்ஜ் விளக்கு நான்கு போதும். மூங்கிலைப் பிளக்காமல் போடக் கூடாது, கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடேறி வெடித்துத் தணல் தெறிக்கும். பெண்பிள்ளைகளின் தாவணியும் நைலான் சட்டைகளும் முன்வரிசையில் வேண்டாம். ஒன்பதரைக்கு முடித்து இரண்டு டிரம் தண்ணீர் ஊற்றி, கம்பால் அடிவரை கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய் வெக்கை இல்லை என்று பார்த்த பிறகே பொறுப்பாளர் படுக்கப் போக வேண்டும். அந்த இரண்டு டிரம்மைக் குளியல் கணக்கில் சேர்க்காதீர்கள், தனியாக நிரப்பி வையுங்கள்.