பூங்கா விழாவில் பீர் அடைப்பும் உணவு வண்டிகளும்: உங்கள் அனுபவம் என்ன?

வேம்படி

எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்கு, பூங்காவுக்குள்ளேயே பீர் விற்கவும் உணவு வண்டிகளை நிறுத்தவும் நகராட்சி இம்முறை முதன்முதலாக அனுமதி தந்தது. நிபந்தனைகளை நீங்கள் அறிவீர்கள்: வேலி கட்டிய அடைப்பு, ஒரே வாசல், வயது பார்த்துக் கட்டும் கைப்பட்டை, கோப்பை வேலியைத் தாண்டக் கூடாது. வாசலில் நிற்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மாலையில், என் மகனுக்குக் கணிதம் கற்றுத்தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் உள்ளே வந்தார். கோப்பை வாங்கி இரண்டு வாய் குடித்திருப்பார், அதற்குள் அவருடைய பேத்தி வெளியே வந்து நின்று, வேலிக் கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஊஞ்சலில் தள்ளிவிட ஆள் வேண்டுமாம். அவர் கோப்பையோடு வாசலுக்கு வந்தார். "சார், இதை வெளியே கொண்டுபோகக் கூடாது" என்றேன். குழந்தையை உள்ளே அழைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்கும் விதியில் இடமில்லை என்றேன். என்னையும் கோப்பையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அண்ணாந்து, ஏறக்குறைய அரை லிட்டரையும் ஒரே மூச்சில் குடித்து முடித்து, காலிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணில் நீர் முட்டப் பேத்தியின் பின்னால் நடந்தார்.

அதன் பிறகு அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் கணக்கு என்னை விடவில்லை. 5 விழுக்காடு பீர் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதைக் கரைக்க உடலுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தேவைப்படும். நிதானமாகக் குடிக்கப் பழகிய ஒரு மனிதரை அரை நிமிடத்தில் குடிக்கவைத்தது, குடியைக் கட்டுக்குள் வைப்பதற்காக நாங்களே கட்டிய வேலிதான். இப்படி வாசலில் நின்று மடக்கென்று குடித்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். மற்ற விழாக்களில் நீங்கள் கண்டது என்ன?

சக்கரச் சமையல்

வேம்படி ஐயா, நான் உணவு வண்டி நடத்துகிறேன். உங்கள் வேலியைப் பற்றி வண்டிக்காரர்களுக்கும் ஒரு மனக்குறை உண்டு.

விழா அமைப்பாளர்கள் பீர் அடைப்பைப் பூங்காவின் நடுவே, நிழலில் அமைக்கிறார்கள். எங்களை வாகன நிறுத்துமிடத்தின் கடைசி மூலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். வயிற்றில் உணவு இருந்தால் ஆல்கஹால் இரத்தத்தில் கலக்கும் வேகம் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இருந்தும் விழாவில் முதலில் கண்ணில் படுவது பீர், இருட்டிய பிறகு நினைவுக்கு வருவது உணவு. அடைப்பை மூடும் நேரத்தில்தான் கூட்டம் மொத்தமாக எங்கள் சன்னலுக்கு வருகிறது, அதுவும் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு.

சென்ற பருவத்தில் ஒரு விழாவில் அப்படி வரிசை நீண்டுகொண்டிருந்தபோது எங்கள் ஜெனரேட்டர் நின்றுபோனது. கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பீர் வைக்கும் குளிர்பெட்டியின் இணைப்பையும் அதில் செருகியிருந்தார்கள். அதைக் கழற்றி, மீண்டும் ஓடவிட்டுத் திரும்புவதற்குள் சுகாதார ஆய்வாளர் வண்டிக்குள் ஏறிவிட்டார். வெப்பமானியைக் கோழிக்கறிப் பாத்திரத்தில் செருகினார். 52 பாகை காட்டியது. சூடாகப் பரிமாறும் உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதே அங்கே விதி. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று கேட்டார்; என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, பாத்திரம் முழுவதையும் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தோம். பீர் மட்டும் நன்றாகக் குளிர்ந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனவே என் கருத்து, உணவு வண்டிகளைப் பீர் அடைப்பின் வாசலை ஒட்டி, முடிந்தால் அடைப்புக்கு உள்ளேயே நிறுத்த வேண்டும் என்பதுதான்.

மண்புழு

சக்கரச் சமையல் அவர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நிழலுக்கு அருகே வண்டி என்றால் மரத்துக்கு அருகே வண்டி என்றே பொருள். எங்கள் பூங்காவில் அப்படித்தான் நிறுத்தினார்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள். பின்சக்கரம் பெரிய மரத்தின் அடியில் புதைந்தது, அதை வெளியே எடுக்க இன்னொரு வண்டியைக் கொண்டுவந்து இழுத்தார்கள், இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே தோல் உரிந்த வேர் வெள்ளையாகத் தெரிந்தது.

மரத்தின் உணவு வேர்கள் ஆழத்தில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை மேல்மண்ணின் முதல் அரை மீட்டருக்குள்ளேயே, கிளைகள் விரியும் எல்லை வரைக்கும், அதற்கு அப்பாலும் பரவிக் கிடக்கின்றன. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிய உணவு வண்டி பல டன் எடை கொண்டது. ஈரமண்ணில் அது ஒரே ஒருமுறை ஏறி இறங்கினாலும், வேருக்குக் காற்றும் நீரும் போகும் நுண்துளைகள் நசுங்கிவிடும். சேதம் உடனே தெரியாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காயும்போது விழாவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே அமைப்பாளர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். வண்டிகள் தார்த்தளத்திலோ கல் பாவிய பாதையிலோ மட்டும் நிற்கட்டும். புல்லைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாரத்தைப் பரப்பும் தடித்த விரிப்புப் பலகைகளை வாடகைக்கு எடுங்கள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் பலகை இருந்தாலும் ஏற்றாதீர்கள். கிளைகளின் எல்லைக்கு வெளியே ஒரு கயிறு கட்டி, அதற்குள் எந்தச் சக்கரமும் வராமல் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை மழைநீர் வடிகாலில் விட அனுமதிக்காதீர்கள்; பல ஊர்களில் அந்த வடிகால் சுத்திகரிப்பு எதுவுமின்றி நேரே குளத்துக்கோ ஆற்றுக்கோ போகிறது. பொரித்த எண்ணெயை மூடியுள்ள கலனில் திரும்பக் கொண்டுபோகச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். புல்தரைக்கான வைப்புத்தொகையை விழா முடிந்த மறுநாளே திருப்பித் தராமல், ஒரு மழைக்குப் பிறகு தரையைப் பார்த்துவிட்டுத் தாருங்கள்.

காலை நடை

வேரையும் வெப்பமானியையும் பேசுகிறோம். கழிப்பறையை யாரும் பேசவில்லை. எங்கள் பூங்காவில் இருப்பவை இரண்டே கழிப்பறைகள். பீர் அடைப்பு திறந்த ஒரு மணி நேரத்தில் அந்த வரிசை இசை மேடை வரை நீண்டது. என் மனைவி வரிசையில் நின்றுகொண்டிருக்க, ஆண்கள் ஒவ்வொருவராகச் செம்பருத்திப் புதருக்குப் பின்னால் போய்த் திரும்புவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் புதரை ஒட்டித்தான் சிறுவர்களின் மணல்தொட்டி இருக்கிறது. அனுமதிப் படிவத்தில் எத்தனை பீப்பாய் என்ற கேள்வி இருந்ததாம். எத்தனை கழிப்பறை என்ற கேள்வி இல்லையாம்.

பெயர் வேண்டாம்

என் கணவர் குடியை விட்டவர். வெளியே போகலாம் என்று நாங்கள் இருவரும் யோசிக்கும்போது பூங்காதான் முதலில் நினைவுக்கு வரும், ஏனென்றால் அங்கே அவர் யாரிடமும் எதையும் மறுக்க வேண்டியதில்லை.

விழாவுக்கு நுழைவுச்சீட்டு வாங்கியபோது, சாப்பாட்டு டோக்கனோடு பெரியவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு பீர் டோக்கன்களையும் சேர்த்துத் தந்தார்கள். வேண்டாம் என்றேன், "பணத்தில் சேர்ந்ததுதான் அக்கா, யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்று அந்தப் பையன் சிரித்துக்கொண்டே நீட்டினான். அவன் மேல் குற்றமில்லை. என் கணவர் அவற்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிகழ்ச்சி முழுவதும் அவருடைய விரல்கள் அந்தப் பையின் மேலேயே இருந்தன. பாட்டு நடந்தது, நடனம் நடந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த விரல்களை.

பீர் விற்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கேட்காதவர் கையில் ஏன் திணிக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

சட்டப்புள்ளி

எங்கள் விழாவில் ஒரு காவலர் என் கையிலிருந்த பழச்சாற்றுக் கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்தார். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் அதிலிருந்து சில விஷயங்களைத் தேடிப் படித்தேன்.

இந்த விவாதத்தில் இரண்டு வேறு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. பூங்காவுக்கு வரும் யாரும் தாமே கொண்டுவந்து குடிக்கலாமா என்பது ஒன்று. ஓர் அமைப்பு விழா நடத்தி விற்கலாமா என்பது மற்றொன்று. டொரன்டோ 2023 ஆகஸ்டில் 27 பூங்காக்களில் சோதனையாக அனுமதித்தது முதல் வகை. சிங்கப்பூரில் 2015 முதல் இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை இருப்பதும் முதல் வகையைச் சேர்ந்ததே. வேம்படி அவர்கள் சொல்லும் அடைப்பு இரண்டாம் வகை. விற்பவர் இன்னார் என்று தெரியும்போது பொறுப்பும் அவர்மேல் வரும். பல நாடுகளில், நிதானம் இழந்தவருக்கு மேலும் ஊற்றிக்கொடுத்து, அவர் வழியில் விபத்தை உண்டாக்கினால், விற்றவர் மீதும் வழக்குத் தொடரலாம். அதனால்தான் நகராட்சிகள் காப்பீட்டுப் பத்திரம் கேட்கின்றன. காப்பீடு எடுக்கும்போது மது விற்பனையால் எழும் பொறுப்பு அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பொதுவான நிகழ்ச்சிக் காப்பீட்டில் அது பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். உணவு வண்டிகளின் காப்பீட்டில் உங்கள் சங்கத்தின் பெயரும் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். ஊற்றிக்கொடுப்பவர்கள் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்களா என்று பாருங்கள். வாசலில் தன்னார்வலரை நிறுத்தாதீர்கள். தெரிந்தவர் தெரிந்தவரைத் தடுக்க முடியாது என்பதற்கு வேம்படியின் பதிவே சாட்சி.

"பெயர் வேண்டாம்" அம்மையாருக்கு: அடுத்த முறை பகலிலேயே வந்து, அடைப்பு திறப்பதற்குள் கிளம்பிவிடுவது நல்லது. ஆதரவுக் குழு நண்பர் ஒருவரையும் உடன் அழைத்து வரலாம்.

பெயர் வேண்டாம்

சட்டப்புள்ளி அவர்களே, நாங்கள் எப்போது கிளம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. டோக்கன் நுழைவாயிலிலேயே தரப்பட்டது. பகலில் வந்திருந்தாலும் அதே இரண்டு டோக்கன்கள்தான் கிடைத்திருக்கும்.

வேம்படி

சட்டப்புள்ளி அவர்கள் என் பதிவைச் சாட்சிக்கு அழைத்ததால் ஒரு திருத்தம். நான் ஆசிரியரைத் தடுத்தேன், அவரும் விதிக்குக் கட்டுப்பட்டார். கூலிக்கு நிற்கும் காவலாளி இருந்திருந்தாலும் அந்தக் கோப்பை அதே அரை நிமிடத்தில்தான் காலியாகியிருக்கும். என் கேள்வி வேலி எங்கே ஓடுகிறது என்பதைப் பற்றியது.

நேற்று சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினேன். பீர் டோக்கன் நுழைவுச்சீட்டோடு சேராது, கேட்பவருக்குத் தனியே விற்கப்படும் என்பது வாக்கெடுப்பே இல்லாமல் முடிவானது. வேலியை அகலமாக்கி, உணவு வண்டிகள், மேசைகள், ஊஞ்சல் ஆகியவற்றையும் உள்ளடக்கி, பெரியவர் துணையோடு குழந்தைகளை இருட்டும் வரை உள்ளே விடலாம் என்ற யோசனை நகராட்சிக்கு எழுதப்படுகிறது. அப்படியானால் கைப்பட்டையை வாசலில் பார்ப்பதை விட்டுவிட்டு, பீர் ஊற்றும் இடத்தில் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு ஆட்கள் போதுமா என்று பொருளாளர் கேட்டிருக்கிறார். ஆறு தற்காலிகக் கழிப்பறைகளுக்கும் விலை கேட்டிருக்கிறோம். மண்புழு அவர்களுக்கு: வண்டிகள் கல்பாதையில் மட்டுமே நிற்கும்.

சக்கரச் சமையல்

நல்லது ஐயா. குழந்தைகள் இருக்கும் வேலிக்குள் எங்களையும் விடுகிறீர்கள் என்றால், ஜெனரேட்டரை மட்டும் வேலிக்கு வெளியே, காற்று வெளிப்பக்கம் வீசும் திசையில் வைக்க இடம் ஒதுக்கச் சொல்லுங்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மேசைகளின் பக்கம் அது வரக் கூடாது. பீர் குளிர்பெட்டிக்குத் தனி இணைப்பு வேண்டும் என்பதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.