டிவி லைசென்ஸ் கடிதம் வந்துவிட்டது, யூரோ கால்பந்து ஆட்டங்களை எப்படிப் பார்ப்பது? அவசரம்

கடலோரக்காரி
ஜூன் 15, 2024, காலை

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் மாதம் செவிலியர் வேலைக்கு இங்கிலாந்து வந்தேன். இன்று காலை கதவடியில் ஒரு கடிதம் கிடந்தது. என் பெயர் இல்லை, இங்கே சட்டப்படி குடியிருப்பவருக்கு என்று போட்டிருக்கிறது. இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் (டிவி பார்க்க வருடா வருடம் காசு கட்டி எடுக்கிற அனுமதி) இல்லை, அதிகாரி நேரில் வரலாம், கோர்ட்டுக்குப் போகலாம், 1,000 பவுண்ட் வரை அபராதம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. என்னிடம் டிவியே கிடையாது.

எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். அண்ணன்மாரோடு மணலில் பந்து உதைத்து வளர்ந்தவள் நான். உலகக் கோப்பை, யூரோ என்றால் எங்கள் ஊரே ராத்திரி விழித்திருக்கும். இந்த வருடம் யூரோ ஆட்டங்கள் ஜெர்மனியில் நடக்கிற நேரத்தில் இவ்வளவு பக்கத்திலேயே இருக்கிறேன், அதை விட்டுவிட மனசு வரவில்லை. ஆனால் 2024 லைசென்ஸ் கட்டணம் 169.50 பவுண்ட், அது இப்போது என்னால் முடியாது. வருவதற்கு வாங்கிய கடனே இன்னும் பாதி இருக்கிறது. ஜூலை 14 ஃபைனல் வரை லைசென்ஸ் இல்லாமல், சட்டத்தை மீறாமல், ஆட்டங்களைத் தொடர வழி உண்டா? விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

கோவை டு கார்டிஃப்

பயப்படாதீங்க சிஸ்டர். லைசென்ஸ் காசு பிபிசிக்குத்தான் போகிறது. ஐடிவி விளம்பரத்தில் ஓடுகிற சேனல், அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பாதி ஆட்டம் ஐடிவியில் வருகிறது, அதைப் பாருங்கள். போனில் பார்த்தால் இன்னும் பிரச்சினையே இல்லை. பேட்டரியில் ஓடுவதற்கு விலக்கு இருக்கிறது என்று என் பழைய ரூம்மேட் சொன்னார்.

ஹாரோ அக்கா

தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். அறையில் ஹீட்டிங் சரியாக வேலை செய்கிறதா? நான் 2001 இல் வந்தபோது என்ன கடிதம் வருகிறது என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் இரண்டு வேலை செய்தேன். காசு போட்டால்தான் கரண்ட் வரும் மீட்டர் அது. ஜனவரியில் ஒரு ராத்திரி மீட்டர் தீர்ந்து, மூன்று மாதக் குழந்தையை என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டில் முதல் ஆறு மாதம் பந்தும் வேண்டாம், படமும் வேண்டாம். கடனை அடையுங்கள், அம்மாவுக்குக் காசு அனுப்புங்கள். அடுத்த உலகக் கோப்பைக்கு நல்ல வீட்டில் பெரிய டிவியில் பார்க்கலாம்.

லெஸ்டர்வாசி

கடிதத்தைச் சும்மா விடக்கூடாது. லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பது இங்கே கிரிமினல் குற்றம். விசா புதுப்பிக்கும்போது தண்டனை, அபராதம் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் ஒருவர் இதனால் பட்ட பாட்டை நான் அறிவேன். காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கடலோரக்காரி

ஐயோ, விசா விஷயம் உண்மையா? ஒருவர் ஐடிவி பார்க்கலாம் என்கிறார், ஒருவர் கிரிமினல் என்கிறார். ராத்திரி டியூட்டி வேறு இருக்கிறது. எதை நம்புவது என்றே தெரியவில்லை.

லீட்ஸ் நைட் ஷிஃப்ட்

நானும் செவிலியர்தான், ஐந்து வருடம் ஆகிறது. கார்டிஃப் தம்பி, நீங்கள் சொன்ன இரண்டுமே தவறு, இதை நம்பி யாராவது மாட்டிக்கொள்வார்கள். காசு எங்கே போகிறது என்பதை வைத்துச் சட்டம் இல்லை. எந்தச் சேனலாக இருந்தாலும், எந்தக் கருவியாக இருந்தாலும், ஒளிபரப்பாகிற அதே நேரத்தில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். அதை ரெக்கார்டு செய்தாலும் வேண்டும். ஐடிவி நேரலைக்கும் அதேதான். ஒரு மணி நேரம் தள்ளி வருகிற பிளஸ் ஒன் சேனலும் நேரலைக் கணக்குதான். பிபிசியின் ஐபிளேயர் செயலிக்கு மட்டும் இன்னும் கடுமை: 2016 செப்டம்பரிலிருந்து, முடிந்துபோன நிகழ்ச்சியை அதில் பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும்.

பேட்டரி விலக்கு என்பது, ஏற்கெனவே லைசென்ஸ் உள்ள ஒரு வீட்டில் குடியிருப்பவர் வெளியே போகும்போது சார்ஜரில் சொருகாத போனில் பார்ப்பதற்கு. லைசென்ஸ் உள்ள வீடு இல்லாதவர்களுக்கு அது பொருந்தாது.

எல்லாருக்கும் குழப்பம் வருவது இலவசம் என்கிற சொல்லில். உலகக் கோப்பை, யூரோ இறுதிச் சுற்று ஆட்டங்கள் சந்தா இல்லாத சேனல்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று 1996 ஒளிபரப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது. அதனால்தான் பிபிசியும் ஐடிவியும் ஆட்டங்களைப் பிரித்துக்கொள்கின்றன. தனிச் சந்தா வேண்டாம், அவ்வளவுதான். லைசென்ஸ் வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

தங்கச்சி, நீங்கள் மூன்று விஷயம் சொல்லவில்லை. அறைக்குத் தனி வாடகை ஒப்பந்தமா, எல்லாரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தமா? போனில் வேறு எதையாவது நேரலையாகப் பார்க்கிறீர்களா, தமிழ்ச் சேனல் உட்பட? ஜூன், ஜூலை டியூட்டி அட்டவணை எப்படி?

லெஸ்டர்வாசி

டிவி லைசென்ஸ் ஒன்று, கவுன்சில் டாக்ஸ் ஒன்று, கார் வைத்தால் அதற்கு ரோடு டாக்ஸ் ஒன்று. ஊரில் யாரும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை. ஏஜென்ட் சம்பளத்தை மட்டும் ரூபாயில் பெருக்கிக் காட்டுகிறார்.

ஹாரோ அக்கா

உண்மை. எனக்கு வங்கிக் கணக்கு திறக்கவே ஏழு வாரம். முகவரிச் சான்று கேட்டார்கள், வீட்டுக்காரர் காகிதம் தர மாட்டேன் என்றார். கணக்கு இல்லாமல் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாமல் வேறு வீடு இல்லை. அந்த ஏழு வாரமும் அரிசியும் பருப்பும்தான்.

கோவை டு கார்டிஃப்

மன்னிக்கவும், எனக்குச் சொன்னதை நம்பிவிட்டேன். இரண்டு வருடமாக ஐடிவி நேரலை பார்த்திருக்கிறேன், இன்றே நிறுத்துகிறேன். ஒரு சந்தேகம். இந்தியாவில் யூரோ சோனிலிவ்வில் வருகிறது. இந்தியாவில் இருப்பதுபோல் காட்டுகிற விபிஎன் போட்டு, அண்ணன் கணக்கில் அதைப் பார்த்தால்?

லீட்ஸ் நைட் ஷிஃப்ட்

அதுவும் நேரலைதானே. சேனல் எந்த நாட்டுடையது என்பது கணக்கில்லை, பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பதுதான். சன் டிவியை இங்கே நேரலையாகப் பார்க்கிற ஒவ்வொரு தமிழ் வீட்டுக்கும் லைசென்ஸ் வேண்டும். பெட்டி வாங்கிக் கொடுப்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஈஸ்ட்ஹாம் மாமா

பிள்ளை, ரேடியோவை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? ரேடியோ கேட்க லைசென்ஸ் வேண்டாம். 1971 இலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1988 இல் வந்தேன். 1990 உலகக் கோப்பை அரையிறுதி, இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும், ஜூலை 4 ஆம் திகதி. எனக்குப் பெட்ரோல் செட்டில் பின்னேர வேலை. ரிவி இல்லை. கவுண்டருக்குக் கீழே ஒரு சின்ன ரேடியோ. எனக்கு இங்கிலீஷ் அப்போது பாதிதான் விளங்கும். ஆனால் வர்ணனையாளரின் மூச்சு விளங்கியது. பந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைக் குரல் ஏறுவதை வைத்தே பிடித்துக்கொள்வேன். வெளியே ரோட்டில் ஒரு கார் இல்லை. பெனால்டிக்கு வந்தபோது ஒரு லொறிக்காரர் பெட்ரோல் அடிக்க வந்தவர், காசைக் கையில் பிடித்தபடி கவுண்டரில் சாய்ந்து நின்றுவிட்டார். இங்கிலாந்து வீரர் வாடில் பெனால்டியைக் கோலுக்கு மேலே அடித்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார். நான் வந்து இரண்டு வருடத்தில் ஒரு வெள்ளைக்காரர் என்னோடு கதைத்தது அன்றுதான் முதல்தடவை. அரை மணித்தியாலம் நின்று கதைத்தார்.

ஹாரோ தங்கச்சி, பந்து வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். புது நாட்டில் மனிதரோடு பேசுவதற்கு எங்களுக்கு வேறு என்ன கதை இருந்தது?

இப்போது பிபிசி ரேடியோ 5 லைவும் டாக்ஸ்போர்ட்டும் யூரோ வர்ணனை தருகின்றன. வீட்டு ரேடியோவில் கேட்கலாம், போனில் பிபிசி சவுண்ட்ஸ் என்ற செயலியிலும் கேட்கலாம்.

ஹாரோ அக்கா

மாமா, நீங்கள் சொன்னதும் சரிதான். எனக்கு அந்தக் குளிர் இன்னும் போகவில்லை, அதனால் அப்படி எழுதிவிட்டேன். தங்கச்சி கோபிக்கக் கூடாது.

கடலோரக்காரி

கோபமே இல்லை அக்கா. மாமா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எங்கள் அப்பா கடலில் இருந்துகொண்டு ரேடியோவில் ஆட்டம் கேட்டதைச் சொல்வார்.

லீட்ஸ் அண்ணா கேட்டதற்குப் பதில். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்தான். நான்கு பேருக்கு ஒரு சமையலறை, அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம். டியூட்டி இன்றும் நாளையும் இரவு ஏழரை முதல் காலை வரை. வியாழன் லீவு. அடுத்த வாரம் பகல். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று எனக்கு லீவு, ஜெர்மனி, ஸ்காட்லாந்து ஆட்டத்தைப் போனில் ஐடிவியில் நேரலையாகப் பார்த்தேன். தெரியாமல்தான். பக்கத்து அறைத் திருநெல்வேலித் தோழி சாயங்காலம் செயலியில் சன் டிவி போடுவாள், நானும் போய் உட்காருவேன். இப்போது என்ன செய்வது?

லீட்ஸ் நைட் ஷிஃப்ட்

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பதில் மிச்சமாகியிருக்கும். சரி, பரவாயில்லை.

கடிதம் குற்றச்சாட்டு இல்லை. லைசென்ஸ் பதிவாகாத முகவரிகளுக்கு அது பொதுவாகப் போகிறது. கடிதம் வந்ததால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. கோர்ட்டில் தண்டனை ஆனால்தான் அதைப் படிவத்தில் எழுத வேண்டிவரும், அந்த வகையில் லெஸ்டர்காரர் சொன்னது சரி. ஆகவே இன்றிலிருந்து போனில் நேரலை வேண்டாம். ஐபிளேயரை நீக்கிவிடுங்கள். அதன்பிறகு, லைசென்ஸ் தேவையில்லை என்ற அறிவிப்பை இணையத்தில் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. கொடுக்கும்போது அது உண்மையாக இருக்க வேண்டும், வரிசையை மாற்றாதீர்கள். அதிகாரி வந்தால் கதவில் நின்று மரியாதையாகப் பேசி அனுப்பலாம். கோர்ட் வாரண்ட் இல்லாமல் உள்ளே வர அவருக்கு அதிகாரம் கிடையாது.

தோழிக்கும் சொல்லுங்கள். தனி ஒப்பந்தம் என்பதால் அவர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. சீரியலை மறுநாள் ஆன் டிமாண்டில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம்.

இனி ஆட்டங்கள். இங்கே மதியம் 2, மாலை 5, இரவு 8 மணிக்கு நடக்கின்றன. நாளை இங்கிலாந்து, செர்பியா ஆட்டம் 8 மணிக்கு. அந்த நேரம் நீங்கள் வார்டில் இருப்பீர்கள். லைசென்ஸ் வாங்கினாலும் அதை நேரலையில் பார்க்க முடியாது. காலையில் வந்து, ஐடிவி ஆட்டமாக இருந்தால் ஐடிவியின் செயலியான ஐடிவிஎக்ஸில் சுருக்கம் பாருங்கள், முடிந்தபின் பார்ப்பதற்கு அங்கே லைசென்ஸ் வேண்டாம். பிபிசி ஆட்டமாக இருந்தால் ஐபிளேயர் பக்கம் போகாமல் பிபிசி ஸ்போர்ட் தளத்தில் வருகிற சின்னக் காணொளிகள், அல்லது யூடியூபில் அதிகாரப்பூர்வமாக ஏற்றுகிற சுருக்கங்கள். கோல் விவரத்தை முன்பே யாரும் சொல்லிவிடாதபடி வாட்ஸ்அப்பை மூடிவையுங்கள், எனக்கு அதுதான் கஷ்டம்.

வியாழன் லீவு என்றீர்களே, அன்று மாலை 5 மணிக்கு இங்கிலாந்து, டென்மார்க். பப்பில் பார்க்கலாம், அந்த இடத்துக்கு அவர்களே லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், நமக்கு வேண்டாம். லைசென்ஸ் உள்ள நண்பர் வீட்டில் அவர் டிவியில் பார்ப்பதும் அப்படித்தான். உங்கள் ஆஸ்பத்திரியில் ஊழியர் ஓய்வறையில் டிவி இருந்தால் அதற்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று மேனேஜரைக் கேளுங்கள்.

ஹாரோ அக்கா

பப்புக்குத் தனியாகப் போகத் தயக்கம் இருந்தால் வார்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குடித்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நான் போனால் லைம் சோடாதான். ஆட்ட நாளில் இடம் கிடைக்காது, ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

லெஸ்டர்வாசி

லைசென்ஸ் எடுத்துவிட்டு யூரோ முடிந்ததும் ரத்து செய்ய முடியாதா?

லீட்ஸ் நைட் ஷிஃப்ட்

முடியும். அந்த லைசென்ஸ் காலம் முடியும்வரை இனித் தேவையில்லை என்பது உண்மையாக இருந்து, குறைந்தது ஒரு முழு மாதமாவது மிச்சம் இருந்தால், மீதிக்குப் பணம் திருப்பிக் கேட்கலாம். இந்த வருடக் கட்டணத்தில் மாதத்துக்கு 14 பவுண்ட் சொச்சம் என்று கணக்குப் போடுங்கள். ஆனால் முதல் வருட மாதத் தவணையில் ஆறு மாதத்துக்குள் முழுத் தொகையையும் எடுப்பார்கள், ஆகவே முதல் மாதமே 28 பவுண்ட் போகும். கடன் கட்டுகிறவருக்கு அது பெரிய தொகைதான்.

கடலோரக்காரி
ஜூன் 17, காலை

டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். அறிவிப்பு கொடுத்தாயிற்று, உறுதிசெய்து மின்னஞ்சலும் வந்துவிட்டது. தோழியும் இனி சீரியலை மறுநாள் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இங்கிலாந்து 1-0 என்று விடியற்காலை ஒரு நோயாளிதான் சொன்னார், எண்பது வயதுத் தாத்தா, காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு கேட்டாராம். பெல்லிங்காம் தலையால் கோல் அடித்ததை அவர் கையை ஆட்டிக் காட்டினார். வியாழக்கிழமைக்கு எங்கள் வார்டிலிருந்து நான்கு பேர் சேர்ந்து போகிறோம். மாமாவுக்கு நன்றி, இருபது பவுண்டுக்குள் ஒரு சின்ன ரேடியோ வாங்கப் போகிறேன்.

லீட்ஸ் நைட் ஷிஃப்ட்

நல்லது. அறிவிப்பு அந்த முகவரிக்குத்தான். குவார்ட்டர்ஸை விட்டு வேறு வீட்டுக்குப் போனால் அங்கே புதிதாகக் கொடுக்க வேண்டும். அதே இடத்தில் இருந்தாலும் இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள், அப்போது கடிதம் வந்தால் பயப்படாதீர்கள்.