விவேக ஸ்விட்சுகளை வயர்மேனே விற்கலாமா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

செந்தூல் வயர்மேன்

வணக்கம். கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங், செகாம்புட் பக்கம் வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவு பெற்ற வயர்மேன். அண்மைக் காலமாக வாடிக்கையாளர்கள் இணையக் கடைகளில் விவேக ஸ்விட்சுகளை (கைபேசியிலிருந்தும் இயக்கும் ஸ்மார்ட் ஸ்விட்ச்) வாங்கி வைத்துக்கொண்டு, "அண்ணே, மாட்டிக் கொடுங்கள், கூலி மட்டும் சொல்லுங்கள்" என்கிறார்கள். மாட்டிவிட்டு வந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

தீபாவளிக்கு முதல் நாள் இரவு செத்தாபாக்கிலிருந்து ஓர் அழைப்பு. இணையச் சேவைக்காரர்கள் வந்து ரூட்டரை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன் பிறகு கைபேசிச் செயலியில் ஒரு விளக்குகூடத் தெரியவில்லை. வயரில்தான் கோளாறு என்று அந்த வீட்டம்மா பதறிவிட்டார். வயரில் ஒன்றுமில்லை. பழைய ரூட்டருக்கு இருந்த அதே பெயரையும் கடவுச்சொல்லையும் புதியதற்கும் வைத்து, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தனியாகத் திறந்துவிட்டேன்; எல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டன. இந்த வகை ஸ்விட்சுகளில் பெரும்பாலானவை அந்த ஓர் அலைவரிசையில்தான் வேலை செய்கின்றன.

நான் விற்ற பொருளல்ல. ஆனாலும் அவர் அழைத்தது என்னைத்தான். விற்ற கடையின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. என் முகம் தெரியும், என் எண் கைபேசியில் இருக்கிறது. எப்படியும் என்னைத்தான் கூப்பிடப்போகிறார்கள் என்றால், நல்ல பொருளாகப் பார்த்து நானே விற்று, நானே பராமரித்தால் என்ன? விற்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் பின்னால் வரும் பொறுப்புக்கும் சேர்த்து விலை போட்டு விற்க வேண்டும். விற்றவர்களும் வாங்கியவர்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் வாசி

அண்ணா, முடிவெடுக்கும் முன் எங்கள் வீட்டில் நடந்ததையும் கேளுங்கள்.

மாமனார் காலத்து வரிசை வீட்டைப் புதுப்பித்தபோது, வயரிங் எடுத்துச் செய்த குத்தகையாளரே எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக விற்றார். விளக்கு, மின்விசிறி, திரைச்சீலை மோட்டார், வாசலிலும் கூடத்திலும் கேமரா. வேலை சுத்தம். மூட்டுவலியால் சிரமப்படும் என் மாமியார் படுத்த இடத்திலிருந்தே விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவார். அதைப் பார்த்தே நான் நிம்மதியடைந்தேன். அந்தப் பயனை இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு அந்தக் குத்தகையாளர் தொழிலை விட்டுவிட்டார், எண்ணையும் மாற்றிவிட்டார். வாசல் விளக்கு எரியும் நேரத்தை மாற்ற என் கணவர் முயன்றபோதுதான் விஷயம் தெரிந்தது: எல்லாக் கருவிகளும் அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கணக்கில் பதிவாகியிருந்தன. எங்களுக்கு ஏற்றவும் அணைக்கவும் மட்டும் அனுமதி. எங்கள் வீட்டுக்கு உரிமையாளர் அவர், நாங்கள் விருந்தாளிகள்.

விளக்கு போகட்டும். கூடத்துக் கேமராவும் அதே கணக்கில்தான் இருந்தது. என் பெண்கள் பள்ளிக்குப் போவதும் வருவதும், மாமியார் கூடத்தில் படுத்திருப்பதும், எல்லாவற்றையும் எங்களுக்கு உறவில்லாத ஒருவர் எங்கிருந்தோ பார்க்க முடியும் என்ற நிலை. அவர் ஒருநாளும் பார்க்காமலே இருந்திருக்கலாம். அவரைத் திருட்டுக் குணம் உள்ளவர் என்று நான் சொல்லவில்லை, சோம்பலால் செய்திருப்பார். மாட்டும்போது தன் கைபேசியிலேயே பதிவு செய்வது சுலபம், வாடிக்கையாளருக்குக் கணக்குத் திறந்துகொடுக்க நேரம் ஆகும். ஆனால் அந்தச் சோம்பலின் விலையை நாங்கள் கொடுத்தோம். அன்றே கேமராவின் பிளக்கைப் பிடுங்கினேன்.

என் தம்பி மகன் வந்து ஒவ்வொரு ஸ்விட்சின் பொத்தானையும் சிவப்பு விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்து, எங்கள் கணக்கில் புதிதாகச் சேர்த்துக் கொடுத்தார். கேமராக்களும் திரைச்சீலை மோட்டாரும், பழைய கணக்குக்காரர் விடுவிக்காமல் சேர மறுத்துவிட்டன. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தூக்கிப் போட்டோம்.

ஆகவே, விற்கிறவர் யாராக இருந்தாலும் முதல் நாளே வீட்டுக்காரரின் மின்னஞ்சலில், வீட்டுக்காரரின் கைபேசியில் கணக்கைத் திறக்க வேண்டும். தன் கைபேசியில் திறக்கிறேன் என்று சொல்பவரிடம் நான் இனி ஒரு பல்புகூட வாங்க மாட்டேன்.

புக்கிட் மெர்த்தாஜாம் மின் குத்தகையாளர்

சகோதரி சொன்னதைப் படித்து வேதனையாக இருக்கிறது. எங்கள் தொழிலின் பெயரைக் கெடுப்பவர்கள் இப்படித்தான் கெடுக்கிறார்கள்.

ஆனாலும் வயரிங் தெரிந்தவர்தான் இதை விற்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன். பட்டர்வொர்த்தில் ஒரு வீடு. குளியலறை வாட்டர் ஹீட்டரைக் கைபேசியில் இயக்க வேண்டும் என்று வீட்டுப் பிள்ளை ஒரு விவேக ஸ்விட்ச் வாங்கி மாட்டியிருந்தார். அது 10 ஆம்பியர் தாங்கும் ஸ்விட்ச். ஹீட்டரோ 3,600 வாட். 230 வோல்ட்டில் கணக்குப் பார்த்தால் 16 ஆம்பியரை நெருங்குகிறது. நான் கழற்றிப் பார்த்தபோது பின்பக்கப் பிளாஸ்டிக் பழுப்பேறி, வயரின் உறை இளகியிருந்தது. ஈரக் கையோடு தொடும் இடம் அது! பழையபடி 20 ஆம்பியர் இரட்டை முனை ஸ்விட்சைப் போட்டு, டிபி பெட்டியில் (வீட்டு மின்சாரம் பிரியும் முதன்மைப் பெட்டி) ஹீட்டருக்கான 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) சரியாக விழுகிறதா என்றும் சோதித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அந்தப் பிள்ளை கெட்டிக்காரர், கணினித் துறையில் இருக்கிறார். வாங்கிய இடத்தில் "எதற்கு மாட்டப்போகிறீர்கள்" என்று கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர். நம் ஊர்ப் பழைய வீடுகள் பலவற்றில் ஸ்விட்ச் பெட்டிக்குள் மின்சாரம் கொண்டுவரும் லைவ் மட்டும்தான் இறங்கும். நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். நியூட்ரல் கேட்கும் ஸ்விட்சை வாங்கி வந்தால் மாட்ட வழியில்லை. நியூட்ரல் தேவைப்படாத வகையோ, தான் உயிரோடு இருக்க விளக்கின் வழியாகவே சிறிது மின்சாரத்தை ஓடவிடும். குறைந்த வாட் எல்இடி பல்பாக இருந்தால், அணைத்த பிறகும் இரவெல்லாம் மங்கலாக மினுங்கும். விளக்கோடு சிறு கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சுவரைத் திறந்து பார்த்தவர்தான் எந்த வகை பொருந்தும் என்று சொல்ல முடியும்.

செராஸ் நெட்வொர்க் ஊழியர்

மின்சாரப் பகுதியில் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. நீங்கள் போடும் வயர் 30 ஆண்டுகள் சுவருக்குள் இருக்கும். செயலியின் ஆயுள் வேறு ஒருவர் கையில் இருக்கிறது.

வீட்டு விவேகக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் ரிவால்வ் என்ற மையக் கருவியைத் தயாரித்த நிறுவனத்தை 2014இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியது. கருவி பழுதாகவில்லை, ஆனால் பயனற்றுப் போனது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோன் என்ற விவேக வீட்டுக் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. பின்னர் பயனர்கள் சிலரே சேர்ந்து வாங்கி அதை மீட்டார்கள். இவை அமெரிக்காவில் நடந்தவை. இங்கே நடந்தால் சர்வரை நிறுத்தியவரை யார் தேடிப் பிடிப்பது? வாட்ஸ்அப்பில் திட்டு வாங்கப்போவது வயர்மேன்தான்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பழுதுபார்ப்பும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்கச் செய்யும் பொறுப்பு தயாரிப்பாளரோடு விற்பவருக்கும் உண்டு. கூலிக்கு மாட்டுவது வேறு, பில் போட்டு விற்பது வேறு.

விற்பதென்றால், இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள்ளேயே இயங்குபவற்றை மட்டும் விற்கலாம். சிக்பீ என்ற கம்பியில்லா முறையைப் பயன்படுத்தும் வகைகளில் சில அப்படி இயங்கும். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுத் தரமும் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே பேசிக்கொள்ளும்படி அமைந்தது. பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்து மலை வாசி

இடியை யாரும் சொல்லவில்லையே! எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதி) ஒரு மாலை இடிக்கு ஆட்டோகேட் போர்டு, ரூட்டர், இரண்டு விவேக ஸ்விட்சுகள் எல்லாம் போய்விட்டன. சாதாரண ஸ்விட்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இவற்றை விற்கிறவர் டிபி பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பானையும் சேர்த்துப் போட வேண்டும். எங்களுக்கு விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

செந்தூல் வயர்மேன்

எல்லோருக்கும் நன்றி. இவற்றையெல்லாம் படித்தபின் எனக்குத் தெளிவாகிவிட்டது. கைபேசி இல்லாமலும் சுவரில் தட்டினால் எரிய வேண்டும். அப்படிப்பட்ட ஸ்விட்சுகளை மட்டும் விற்பேன். கேமராவும் கதவுப் பூட்டும் விற்க மாட்டேன். வீட்டின் பாதுகாப்பு அவற்றில் இருக்கிறது, அதற்கென்றே படித்தவர்கள் செய்யட்டும். கணக்கு வீட்டுக்காரர் பெயரில்தான். எந்த ஸ்விட்ச் எந்த அறை, எந்த மாடல் என்று ஒரு தாளில் எழுதி டிபி பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுவேன். நாளை நான் இல்லையென்றாலும் அடுத்து வருகிற வயர்மேன் தடுமாறக் கூடாது.

கட்டணம்தான் இன்னும் பிடிபடவில்லை. அண்ணன் எப்படி வாங்குகிறீர்கள்?

புக்கிட் மெர்த்தாஜாம் மின் குத்தகையாளர்

முதல் ஆண்டுப் பராமரிப்பைப் பொருளின் விலையிலேயே சேர்த்துவிடுகிறேன். ஸ்விட்சோ வயரிங்கோ பழுதானால் அந்த ஆண்டு முழுவதும் காசு வாங்குவதில்லை. ரூட்டர் மாற்றியதாலோ கடவுச்சொல் மறந்ததாலோ கூப்பிட்டால் வருகைக்கு 80 வெள்ளி (ரிங்கிட்). இதை பில்லிலேயே எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவேன். தொலைபேசியில் சொல்லித் தீர்வதற்குக் காசில்லை. முதலில் சிலர் முகம் சுளித்தார்கள், வேறு ஆளிடமும் போனார்கள். எழுதிக் கொடுத்த வீடுகளில் இதுவரை யாரோடும் சண்டை வந்ததில்லை.